பூஸ்டர் ஸ்லாட் கிடைக்க மாட்டேங்குதா? தடுப்பூசி சிஸ்டர்கிட்ட கேளுங்க

வணக்கம் மக்களே. கோவிட் பூஸ்டர்ல இருந்து மத்த ஊசி வரைக்கும் நீங்க கேட்ட கேள்விக்கெல்லாம் இங்க பதில். நான் தடுப்பூசி பிரிவுல நர்ஸ், ஊசி போடுறதோட அப்பாயின்ட்மென்ட் லிஸ்ட் பாக்குறதும் என் தலையில தான். நாட்டுக்கு நாடு ரூல்ஸ் மாறும், அதனால எங்க இருந்தாலும் பொருந்துற விஷயமா சொல்லப் பாக்குறேன். உங்க உடம்புக்கு இது போடலாமா கூடாதாங்கிறது மட்டும் உங்க டாக்டர் கிட்ட. மத்தபடி திட்டணும்னாலும் இங்கயே திட்டிக்கோங்க.

ராக்கோழி: சிஸ்டர், நடுராத்திரி அலாரம் வச்சு எந்திரிச்சு பாக்குறேன், ஸ்லாட் பச்சையா காட்டுது, கிளிக் பண்ணி பேரு, பிறந்த தேதி, ஓடிபி எல்லாம் போட்டு முடிச்சதும் "நிரம்பிவிட்டது"னு வருது. யார ஏமாத்துறாங்க?

யாரும் ஏமாத்தல தம்பி, அந்த பச்சை நீங்க பேஜ் திறந்த நேரத்து நிலவரம். நிறைய சைட்ல ஒருத்தர் நேரத்த தொட்டதும் பஸ்ல துண்டு போட்டு சீட் பிடிக்கிற மாதிரி அந்த ஸ்லாட்ட சில நிமிஷம் அவருக்குன்னு பிடிச்சு வச்சிரும், அவர் பாதில விட்டுட்டு போனா டைம் முடிஞ்சதும் திரும்ப வெளிய வரும். அதனால "நிரம்பிருச்சு"னு வந்தாலும் பத்து நிமிஷம் கழிச்சு ஒரு தடவ பாருங்க. இன்னொன்னு, போன்ல ஒண்ணு லேப்டாப்ல ஒண்ணுன்னு ரெண்டு இடத்துல ஓப்பன் பண்ணி வச்சிருந்தா உங்க ஸ்லாட்ட நீங்களே பிடிச்சு வச்சுக்கிட்டு நீங்களே கிடைக்கலன்னு புலம்ப வாய்ப்பு இருக்கு, நெசமாவே நடக்குது இது.

நடுராத்திரி முழிக்கிறத விட்ருங்க. "நாளைக்கு உங்க அப்பாயின்ட்மென்ட்"னு ரிமைண்டர் மெசேஜ் போன உடனே தான் நிறைய பேரு கேன்சல் பண்ணுவாங்க, அப்ப அந்த இடம் காலியாகும். சாயங்காலம் பாருங்க, காலைல மையம் திறக்குறதுக்கு முன்னாடி பாருங்க.

கோபக்கார குமார்: மேடம் நேர்லயே போயிட்டேன். ஃப்ரிட்ஜ்ல மருந்து இருக்குனு அவங்களே சொல்றாங்க, ஆனா எனக்கு போட மாட்டாங்களாம், அப்பாயின்ட்மென்ட் வேணுமாம். மருந்த வச்சு பூஜையா பண்றாங்க?

கோபம் நியாயம் தான் சார், ஆனா அந்த சின்ன பாட்டில் உள்ள என்ன இருக்குனு சொல்றேன், அப்புறம் திட்டுங்க. கோவிட் ஊசில நிறைய ஒரு வயல்ல (அந்த சின்ன மருந்து பாட்டில தான் வயல்னு சொல்றோம்) பல டோஸ் வர்ற ரகம். ஃபைசரோட பழைய ஊதா மூடி வயல்ல 6 டோஸ் இருந்துச்சு, சலைன் கலந்த பிறகு 6 மணி நேரம் தான் ஆயுசு, அதுக்கு மேல மிச்சம் இருந்தா குப்பைக்கு தான். இப்ப நிறுத்திட்ட அஸ்ட்ராஜெனிகாவும் 10 டோஸ் வயல்ல வந்துச்சு, அதுவும் திறந்தா 6 மணி நேரம் தான். ஃபைசர்ல அந்த ஆறாவது டோஸே சாதாரண சிரிஞ்ச்ல சரியா வராது, ஊசிக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல மருந்து தங்காத ரக சிரிஞ்ச் வேணும், அது இல்லன்னா அஞ்சோட நிக்கும், மிச்சத்த இன்னொரு வயல்ல சேர்த்து ஒரு டோஸ் ஆக்கவும் கூடாது.

இப்ப 6 டோஸ் வயல்னு வச்சு கணக்கு பாருங்க, லிஸ்ட்ல 6 பேரு, நீங்க ஏழாவது ஆளு. உங்களுக்காக புது வயல் திறந்தா பின்னாடி இன்னும் 5 பேரு வரணும், வரலன்னா 5 டோஸ் வீண். அதனால தான் கதவுல நின்னவர திருப்பி அனுப்புறாங்க. ஆனா இதே கணக்கு உங்களுக்கு சாதகமாவும் வேலை செய்யும், புக் பண்ணின 6 பேர்ல ஒருத்தர் வரலன்னா திறந்த வயல்ல ஒரு டோஸ் அனாதையா நிக்கும், மூடுற நேரம் நெருங்க நெருங்க நாங்களே ஆள தேடுவோம். "மிச்சம் ஆனா கூப்பிடுங்க, கால் மணி நேரத்துல வந்துருவேன்"னு நம்பர் குடுத்துட்டு வாங்க, சொன்ன நேரத்துல வர்ற தூரமா இருந்தா மட்டும். ஒரே டோஸ் ரெடி சிரிஞ்சா வர்றத வச்சிருக்குற இடம்னா இந்த பஞ்சாயத்தே கிடையாது, போன் பண்ணும்போது அதையும் கேட்டுக்கோங்க.

பூங்காற்று: எனக்கு "நீங்கள் தகுதி பெறவில்லை"னு மட்டும் வருது அக்கா. ஏன்னு காரணமே சொல்லல. கடைசி டோஸ் போட்டு எட்டு மாசம் ஆச்சு.

காரணம் சொல்லாத மெசேஜ் எழுதினவன தேடிப் புடிச்சு ஓடிபி இல்லாத போன குடுக்கணும். சரி விஷயத்துக்கு வர்றேன். சைட்டுக்கு உங்க முகம் தெரியாது, அதுல ஏறியிருக்குற தேதி தான் தெரியும். முதல்ல உங்க சர்டிபிகேட்ட திறந்து கடைசி டோஸ் தேதிய பாருங்க, முக்கியமா நாள் முன்னாடியா மாசம் முன்னாடியானு. 3/11னு டைப் பண்ணினா நவம்பர் 3ம் ஆகலாம் மார்ச் 11ம் ஆகலாம், அப்படி மாறிப்போயிருந்தா சிஸ்டம் கணக்குல உங்களுக்கு இடைவெளியே முடிஞ்சிருக்காது. ரெண்டாவது, ஒரே ஆளுக்கு ரெண்டு ரெக்கார்டு. முதல் டோஸ் அப்போ இனிஷியல் முன்னாடி, அடுத்த தடவ பின்னாடி, இல்ல பழைய நம்பர்ல ஒண்ணு புது நம்பர்ல ஒண்ணு, இப்படி இருந்தா முதல் டோஸ் ஒரு கணக்குல ரெண்டாவது வேற கணக்குல கிடக்கும், ரெண்டும் அரைகுறையா நிக்கும், பூஸ்டர் பட்டன் எங்கயும் வராது. உதவி எண்ணுக்கு போன் பண்ணும்போது "புக் ஆகல"னு சொல்லாதீங்க, கேக்குறவங்க ஸ்லாட் இல்லனு சொல்லி வச்சிருவாங்க. "ரெக்கார்டு ரெண்டா இருக்கு, சேர்த்து விடுங்க"னு சொல்லுங்க, கால் சரியான ஆளுக்கு போகும்.

கடல்தாண்டி: முதல் ரெண்டு டோஸ் வேற நாட்டுல போட்டது. இங்க சைட் என்னைய ஒரு டோஸ் கூட போடாத ஆளா தான் பாக்குது. பூஸ்டர் கேட்டா முதல் டோஸுக்கு தேதி குடுக்குது சிஸ்டர்!

ஆன்லைன்ல மோதாதீங்க, இது மனுஷன் கையால தான் சரியாகும். பழைய சர்டிபிகேட்ட பிரிண்ட் எடுத்துக்கோங்க, அதுல மருந்து பேரு, போட்ட தேதி, பேட்ச் நம்பர் மூணும் இருக்கணும். வெளிநாட்டு டோஸ ரெக்கார்டுல ஏத்தணும்னு தனியா கேளுங்க, சில இடத்துல குடும்ப டாக்டர் ஏத்துவாரு, சில இடத்துல சுகாதாரத் துறை. வேற பிராண்ட் போட்டிருக்கோமேனு பயம் வேணாம், உலக சுகாதார நிறுவனத்தோட அவசர பயன்பாட்டு பட்டியல்ல இருந்த ஊசின்னா பெரும்பாலும் ஏத்துக்குவாங்க. அவசரப்பட்டு "முதல் டோஸ்"னே புக் பண்ணி போட்டுக்கிட்டா அப்புறம் ரெக்கார்டுல அது தான் நிக்கும், அத திருத்துறது இத விட பெரிய தலைவலி.

சோம்பேறி சங்கம்: ரொம்ப லேட் ஆயிடுச்சு. மறுபடி மொதல்ல இருந்து போடணுமா?

வேணாம். கோவிட், ஹெபடைடிஸ், டெட்டனஸ் எதுவா இருந்தாலும் இடைவெளி நீண்டுபோச்சுன்னா விட்ட இடத்துல இருந்து தொடர்ந்தா போதும். குறிச்ச இடைவெளிக்கு முன்னாடியே சீக்கிரம் போட்டா தான் அந்த டோஸ் கணக்குல வராம போகலாம்.

செல்ல மகள்: எங்கம்மாவுக்கு எழுபது தாண்டிருச்சு, ஸ்மார்ட்போன் கிடையாது. என் நம்பர்ல ஏற்கனவே வீட்டுல எல்லாரும் இருக்கோம், இதுக்கு மேல ஆள் சேர்க்க முடியாதுங்குது.

ஒரு நம்பருக்கு இத்தனை பேருன்னு சில சைட்ல வரம்பு இருக்கும், அது ப்ரோக்கர்ங்க மொத்தமா ஸ்லாட் அள்ளக் கூடாதுன்னு வச்சது, மாட்டுறது கூட்டுக் குடும்பம். அம்மா பேச மட்டும் வச்சிருக்குற பட்டன் போன் இருந்தாலே போதும்மா, ஓடிபி எஸ்எம்எஸ்ஸா தான வருது. அதுவும் இல்லன்னா மையத்துக்கு போன் பண்ணி வயச மொதல்ல சொல்லுங்க. வயசானவங்க, சர்க்கரை, கிட்னி, கேன்சர் சிகிச்சைல இருக்குறவங்களுக்குனு கொஞ்சம் இடத்த ஆன்லைன்ல காட்டாம ஒதுக்கி வைக்கிற மையங்க இருக்கு. படுத்த படுக்கையா இருந்தா வீட்டுக்கே வந்து போடுறாங்களானு கேளுங்க, கேட்டா தான் சொல்வாங்க.

இருமல் ராஜா: புக்கிங் கிடைச்ச வாரத்துல கோவிட் வந்துருச்சு!

இப்ப போகாதீங்க, கேன்சல் பண்ணுங்க, உங்க இடம் இன்னொருத்தருக்கு ஆகும். குணமாகி தனிமை முடிஞ்ச பிறகு போடலாம். அமெரிக்கால சிடிசிங்கிற நோய்த் தடுப்பு அமைப்பு 3 மாசம் வரைக்கும் தள்ளி போட யோசிக்கலாம்னு சொல்லுது, ஏன்னா வந்து போன நோயே கொஞ்ச நாளைக்கு பாதுகாப்பு குடுக்கும். எதிர்ப்பு சக்தி குறைஞ்சவர்னா தள்ளுறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

வெறுத்துப்போனவன்: கன்ஃபர்ம் ஆன புக்கிங்க அவங்களே கேன்சல் பண்ணிட்டாங்க. "புதிய தடுப்பூசி வருகை காரணமாக"வாம். விட்ருலாம்னு இருக்கேன், இவ்ளோ லோல் பட்டு போடணுமா?

வைரஸ் உருமாற உருமாற ஊசியையும் மாத்துறாங்க. 2022ல ரெண்டு வகை வைரஸுக்கும் சேர்த்து ஒரே ஊசி, 2023ல எக்ஸ்பிபி.1.5ங்கிற உருமாறின வகைக்குனு, 2024ல ஜேஎன்.1, கேபி.2ங்கிற வகைங்களுக்குனு வந்துச்சு. புதுசு வந்ததும் பழச நிறுத்துவாங்க, புது பெட்டி கைக்கு வர்ற வரைக்கும் நடுவுல காலண்டர் வெறிச்சோடி கிடக்கும், லாரி ஒரு நாள் லேட்டானா அன்னிக்கு புக் பண்ணினவங்க எல்லாருக்கும் கேன்சல் மெசேஜ். ஆனா மாத்து தேதிய கையோட குடுக்காம கேன்சல் மட்டும் அனுப்புறது அநியாயம், அதுல உங்க பக்கம் தான் நான்.

விட்ருலாமாங்கிறது நீங்க யாருங்கிறத பொறுத்தது. 2023 மார்ச்ல உலக சுகாதார நிறுவனத்தோட நிபுணர் குழு தெளிவா பிரிச்சு சொல்லிருச்சு. வயசானவங்க, தீவிரமான வேற நோய் இருக்குறவங்க, எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்க, கர்ப்பிணிங்க, முன்வரிசை சுகாதார ஊழியருங்க, இவங்களுக்கு கடைசி டோஸ் போட்டு ஆள பொறுத்து 6 மாசமோ 12 மாசமோ கழிச்சு இன்னொரு பூஸ்டர் வேணும்னு சொல்லுச்சு. ஆரோக்கியமான இளவட்டத்துக்கு முதல் பூஸ்டருக்கு மேல வழக்கமா வேணும்னு சொல்லல. நீங்க ரெண்டாவது ரகம்னா நிம்மதியா தூங்குங்க, ஸ்லாட் வரும்போது வரட்டும். முதல் ரகம்னா விடாதீங்க, ஆன்லைன மூடிட்டு போன எடுங்க.

ஊர்சுற்றி: கோவிட் இல்ல, மஞ்சள் காய்ச்சல் ஊசி. போட்டு 10 வருஷம் தாண்டிருச்சு, ட்ராவல் ஏஜென்ட் பூஸ்டர் கட்டாயம்னு சொல்றாரு, அடுத்த வாரம் ஃப்ளைட், மையத்துல இடமே இல்ல.

ஏஜென்ட் பழைய ரூல்ல நிக்கிறாரு. 2016 ஜூலை 11ல இருந்து மஞ்சள் காய்ச்சல் சர்டிபிகேட் ஆயுசுக்கும் செல்லும், உங்க மஞ்சள் புக்குல 10 வருஷம்னு எழுதியிருந்தாலும் செல்லும். கர்ப்பமா இருந்தப்ப போட்டவங்க, எதிர்ப்பு சக்தி பிரச்சனை இருந்தப்ப போட்டவங்க மட்டும் மறுபடி வேணுமானு டாக்டர்கிட்ட கேக்கணும். போற நாட்டோட தூதரக சைட்ட ஒரு தடவ பாத்துக்கோங்க.

இதே ஊசிய முதல் தடவ போடுறவங்களுக்கு ஒரு வார்த்தை. அங்கீகாரம் வாங்கின மையத்துல மட்டும் தான் போடுவாங்க, அங்கயும் நிறைய இடத்துல பல டோஸ் வயல் தான், ஆள் சேர்த்து வாரத்துல சில நாள் மட்டும் திறப்பாங்க. போட்ட பத்தாவது நாள்ல இருந்து தான் சர்டிபிகேட் செல்லும். டிக்கெட்டுக்கு முன்னாடி இத புக் பண்ணுங்க.

துருப்பிடிச்சவன்: ஆணி குத்திருச்சு, டிடி (டெட்டனஸ் ஊசி) பூஸ்டருக்கு ரெண்டு வாரம் கழிச்சு தான் ஸ்லாட் காட்டுது.

அப்பாயின்ட்மென்ட்டா? எந்திரிச்சு இப்பவே அவசரப் பிரிவுக்கு போங்க! அழுக்கு காயம்னா கடைசி ஊசி போட்டு 5 வருஷம் ஆகியிருந்தாலே மறுபடி வேணும், அந்த 10 வருஷக் கணக்கு காயம் இல்லாதவங்களுக்கும் சுத்தமான சின்னக் கீறலுக்கும்.

ஊசி பயம்: வெக்கமா இருக்கு, ஊசிய பாத்தா மயங்கி விழுந்துருவேன். வரிசைல எல்லாரும் பாப்பாங்கன்னே புக் பண்ணாம இருக்கேன்.

இதுல வெக்கப்பட ஒண்ணுமில்லமா, வாட்டசாட்டமான ஆளுங்க தான் மொதல்ல சாயுவாங்க. கூட்டம் குறைஞ்ச மதிய நேரமா புக் பண்ணுங்க, உள்ள வந்ததும் "நான் மயங்குவேன்"னு சொல்லிருங்க, படுக்க வச்சே போடுவோம். காத்திருக்கும்போது தொடையையும் வயித்தையும் பத்து பதினஞ்சு செகண்ட் இறுக்கிப் பிடிச்சு விட்டு மறுபடி இறுக்குங்க, பிரஷர் இறங்காது. ஊசி போடுற கைய மட்டும் தளர்வா விடணும்.

அவசரக்காரி: ஃப்ளூ ஊசியும் கோவிட் பூஸ்டரும் ஒரே நாள்ல போட்டுக்கலாமா, ரெண்டு தடவ லீவு கேக்க முடியாது.

தாராளமா. கைக்கு ஒண்ணா போட்டுக்கோங்க. ஒரே ஸ்லாட்ல ரெண்டும் தருவாங்களானு முன்கூட்டியே கேளுங்க, மறுநாள் உடம்பு வலி கொஞ்சம் கூட இருக்கலாம்.

லிங்க் லிங்கம்: "உடனடி பூஸ்டர் ஸ்லாட், முன்பணம் கட்டவும்"னு மெசேஜ்ல லிங்க் வந்துச்சு, கட்டலாமா?

தொடாதீங்க. உங்க ஓடிபிய கேட்டு போன் வந்தாலும் குடுக்காதீங்க.

பூங்காற்று: அக்கா நீங்க சொன்ன மாதிரியே மாசமும் நாளும் மாறிக் கிடந்துச்சு! திருத்திட்டாங்க, ஸ்லாட்டும் கிடைச்சிருச்சு. போறப்ப எதாவது கவனிக்கணுமா?

தோள் வரைக்கும் ஏத்துற மாதிரி லூசான கை வச்ச சட்டை. பழைய கார்டு, ஐடி. போட்டு முடிச்சதும் 15 நிமிஷம் உக்கார வைப்பாங்க, முன்னாடி அலர்ஜி பெருசா வந்தவங்கன்னா 30. அந்த நேரத்துல ரீல்ஸ் பாக்காம சர்டிபிகேட் டவுன்லோட் பண்ணி பேரு, தேதி, மருந்து மூணையும் பாத்துருங்க. தப்பா இருந்தா டைப் பண்ணினவங்க எதிர்லயே தான் உக்காந்திருப்பாங்க, அங்கயே திருத்தி வாங்கிட்டு கிளம்புங்க.