கன்னக்கோலும் வெள்ளி விளக்குத் தண்டும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஸ்காட் லிஞ்ச் எழுதிய ‘தி லைஸ் ஆஃப் லாக் லமோரா’வையும் லீ பர்டூகோவின் ‘சிக்ஸ் ஆஃப் குரோஸ்’ நாவலையும் அடுத்தடுத்துப் படித்தேன். இரண்டும் என்னை இரவு முழுவதும் விழிக்க வைத்தன. அதே உற்சாகத்தில், திருடன் ஒருவனின் கதை என்று கேள்விப்பட்டு, ‘ஏழை படும் பாடு’ என்று தமிழில் அறியப்பட்ட விக்டர் ஹ்யூகோவின் நாவலை ஆங்கில மொழிபெயர்ப்பில் எடுத்தேன். திருடன் வரவேயில்லை, ஓர் ஆயரின் நற்குணங்கள்தாம் பக்கம் பக்கமாக வந்துகொண்டிருந்தன. பாதியில் விட்டுவிட்டேன். மிகுபுனைவுக் கொள்ளைக் கதைகள் என் ரசனையைக் கெடுத்துவிட்டனவா?

பதில்: கெடுக்கவில்லை. ஒரு வகைக் கதையில் எதைத் தேட வேண்டும் என்று அவை உங்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கின்றன. அதையே நீங்கள் ஹ்யூகோவிடமும் தேடியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். கொள்ளைக் கதையில் ஏதோ ஒன்று நம்மிடமிருந்து மறைக்கப்பட்டிருக்கிறது என்ற நம்பிக்கையிலேயே பக்கங்களைப் புரட்டுகிறோம். ஹ்யூகோ எதையும் மறைப்பதில்லை. ழான் வால்ழான் ரொட்டி திருடினான், 5 ஆண்டு தண்டனை பெற்றான், தப்பிக்க முயன்று முயன்று அது 19 ஆண்டுகளாக நீண்டது என்பதையெல்லாம் அவன் அறிமுகமாகும் பகுதியிலேயே சொல்லிவிடுகிறார். திருட்டு எப்படி நடந்தது என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. கண்ணாடியை உடைத்துக் கையை உள்ளே விட்டான் என்பதோடு அது முடிந்துவிடுகிறது. திருடியவன் பிறகு என்ன ஆகிறான் என்பதற்குத்தான் அவர் அத்தனை ஆயிரம் பக்கக் காகிதத்தைச் செலவிடுகிறார்.

நீங்கள் சலித்துக்கொண்ட அந்த முதல் பகுதி 14 அத்தியாயங்கள் கொண்டது. அது நீளம்தான் என்பதை நானும் மறுக்கப்போவதில்லை. ஆனால் கொள்ளைக் கதை வாசகரான உங்களுக்கு அதை வேறொரு விதமாகப் பார்க்கும் வாய்ப்பு இருக்கிறது. களவுக்கு முன்பு ஆயரின் வீட்டை நோட்டம் விடும் பகுதியாக அதைப் படித்துப் பாருங்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. வெள்ளித் தட்டுகள் எங்கே வைக்கப்படுகின்றன என்பது வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்காரர் திருடனை மேசையில் உட்கார வைத்து ‘ஐயா’ என்று அழைக்கக் கூடியவர். காவல் இவ்வளவு குறைந்த வீடு கொள்ளைக் கதை எதிலும் வந்ததில்லை. வால்ழான் அந்த வீட்டில் சிக்கிக்கொண்டதைப் போல ‘சிக்ஸ் ஆஃப் குரோஸ்’ நாவலின் கெட்டர்டாம் நகரத் திருடர்கள் எந்தக் கோட்டையிலும் சிக்கிக்கொள்ளவில்லை என்பதுதான் வேடிக்கை. இரவில் வெள்ளித் தட்டுகளைத் திருடிக்கொண்டு ஓடியவனை மறுநாள் காவலர்கள் பிடித்து இழுத்து வரும்போது, வெள்ளி விளக்குத் தண்டுகளையும் அல்லவா உனக்குக் கொடுத்தேன், அவற்றை ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்று ஆயர் கேட்கிறார். அந்த 14 அத்தியாயங்களையும் படிக்காதவருக்கு இது ஒரு சாமர்த்தியமான திருப்பமாக மட்டும் தெரியும். படித்தவருக்கோ அந்த மனிதரால் வேறு எதையும் சொல்லியிருக்க முடியாது என்று தோன்றும்.

அதைவிட முக்கியமான திருட்டு அதற்கு அடுத்தாற்போல் வருகிறது. ஆயரிடம் விடைபெற்று வந்தவன், வழியில் ஒரு சிறுவனின் கையிலிருந்து நழுவி உருண்ட 40 சூ நாணயத்தின் மேல் காலை வைத்துக்கொண்டு எடுக்க மறுக்கிறான். ‘சிக்ஸ் ஆஃப் குரோஸ்’ கூட்டாளிகளுக்குப் பேசப்பட்ட கூலி 3 கோடி குரூகே. அந்தத் தொகை எனக்கு வெறும் எண்ணாகத்தான் இருந்தது. இந்த 40 சூ இன்றும் உறுத்துகிறது. ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. பெரிய தொகை கதையை ஓட வைக்கிறது. சிறிய தொகை கதையை நிறுத்தி அந்த மனிதனின் முகத்தைப் பார்க்க வைக்கிறது.

நடைமுறை யோசனை ஒன்று: இரண்டாம் பகுதியில், வால்ழான் ஊருக்குள் நடந்து வந்து விடுதி விடுதியாக விரட்டப்படும் இடத்திலிருந்து தொடங்குங்கள்; விளக்குத் தண்டுகளைக் கடந்த பிறகு ஆயரிடம் திரும்பி வாருங்கள். வாட்டர்லூ போரைப் பற்றிய 19 அத்தியாயங்களையும் தாண்டிச் செல்ல ஆசை வரும். தாண்டினாலும் அதன் கடைசி அத்தியாயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்: போர் முடிந்த இரவில் பிணங்களின் சட்டைப் பைகளைத் தடவிக்கொண்டு ஒருவன் நடக்கிறான். அத்தனை நீண்ட போர் வருணனையும் ஒரு திருடனிடம் வந்து முடிவதைப் பார்க்கும்போது, ஹ்யூகோவும் நம்முடைய கட்சிதான் என்று தோன்றிவிடும்.

கேள்வி: மாயம் இருக்கும் உலகத்தில் திருடுவதற்கு எதற்காகத் திட்டம்? மந்திரத்தைச் சொல்லிப் பெட்டியைக் கைக்கு வரவழைத்துவிடலாமே என்ற எண்ணம் எனக்குப் படிக்கும்போதெல்லாம் குறுக்கே வருகிறது.

பதில்: அந்த எண்ணம் வராதபடி எழுதுவதுதான் இந்த வகை எழுத்தாளரின் முதல் வேலை. மாயத்துக்கு விலையும் எல்லையும் வைக்கப்பட்டால்தான் அது களவுக் கருவியாகும். இல்லையென்றால் அது வரம். 2006இல் வெளிவந்த பிராண்டன் சாண்டர்சனின் ‘மிஸ்ட்பார்ன்’ நாவலில் உலோகத் துகள்களை விழுங்கி அவற்றை உடலுக்குள் எரித்தால்தான் ஆற்றல் கிடைக்கும். துகள் தீர்ந்தால் ஆற்றலும் தீர்ந்துவிடும். தன்னைவிடக் கனமான உலோகத்தைத் தள்ளினால் தள்ளியவர்தாம் பின்னால் தூக்கி எறியப்படுவார். பள்ளிக்கூட இயற்பியல் பாடத்தைப் போன்ற அந்தக் கண்டிப்புதான் அதில் எனக்குப் பிடித்தது. அதே ஆண்டில் வந்த லிஞ்சின் நாவல் வேறு வழியில் போகிறது. அங்கே மந்திரவாதிகள் ஒரு சங்கமாக இயங்குகிறார்கள். கூலியோ சாதாரணமானவர்கள் நினைத்துப் பார்க்க முடியாதது. அவர்களில் ஒருவரைக் கொன்றால் மற்ற அனைவரும் பழிவாங்க வருவார்கள். ஆகவே மாயம் பெரும்பாலும் எதிர்த் தரப்பில் நிற்கிறது. திருடர்கள் பொய்யையும் வேடத்தையும் கொண்டு சமாளிக்கிறார்கள். என் தேர்வு இரண்டாவதுதான், ஏனென்றால் மாயம் இல்லாதவன் மாயத்தை ஏமாற்றும் காட்சியில் கிடைக்கும் மகிழ்ச்சி வேறெதிலும் கிடைப்பதில்லை.

நம்முடைய வாசகர்களுக்கு இது புதிதாக இருக்க வேண்டியதே இல்லை. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில், கள்வருக்குத் துணையாவன என்று ஒரு பட்டியல் வருகிறது: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி ஆகிய எட்டு. முதல் நான்கை மட்டும் எடுத்துக்கொண்டால் மிகுபுனைவு. கடைசி நான்கை எடுத்துக்கொண்டால் கொள்ளைக் கதை. எட்டையும் சேர்த்தால் நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் நாவல்.

கேள்வி: ‘சிக்ஸ் ஆஃப் குரோஸ்’ நாவலில் கொள்ளைக் கூட்டத்தின் தலைவன் காஸ் பிரெக்கரின் மனத்துக்குள்ளேயே நம்மை உட்கார வைத்துவிட்டு, அவன் போட்டு வைத்த திட்டத்தை மட்டும் ஆசிரியர் மறைத்துவிடுகிறார். கடைசியில் வெளிப்படும்போது வியப்பைவிட எரிச்சலே மிஞ்சியது. இது நேர்மையா?

பதில்: எனக்கும் அந்த எரிச்சல் இருந்தது, முதன்முறை படிக்கும்போது அல்ல, இரண்டாம் முறை. இந்த வகைக்கு எழுதப்படாத விதி ஒன்று இருக்கிறது: வாசகருக்கு முன்கூட்டியே விளக்கப்பட்ட திட்டம் தோற்கும், விளக்கப்படாத திட்டம் வெல்லும். ஆகவே மறைத்தல் தவிர்க்க முடியாதது. எங்கிருந்துகொண்டு மறைக்கிறார் என்பதில்தான் நேர்மை இருக்கிறது. ஒருவனுடைய நினைவுகளையும் அச்சங்களையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, அவன் அந்த நேரத்தில் வேறெதைவிடவும் அதிகமாக எண்ணிக்கொண்டிருக்க வேண்டிய ஒன்றை மட்டும் விட்டுவிட்டுச் சொல்வது சற்று அழுகுணி ஆட்டம்தான்.

லாக் லமோராவின் கதையில் இதைவிடச் சுத்தமான ஓர் இடம் உண்டு. பிரபு ஒருவரை மது வணிகம் என்ற பெயரில் ஏமாற்றிக்கொண்டிருக்கும்போதே, ஓர் இரவில் அவருடைய அறைக்குள் முகமூடி அணிந்த அரசாங்க ஒற்றர்கள் புகுந்து, உங்களை ஒரு கும்பல் ஏமாற்றுகிறது, ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் தொடர்ந்து பணம் கொடுங்கள் என்று எச்சரிக்கிறார்கள். அந்த ஒற்றர் வேடத்தில் வந்ததும் லாக்தான். இந்த இடத்தை இன்னும் படிக்காதவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விளக்க முடியவில்லை. அந்தக் காட்சியில் நாம் பிரபுவோடுதான் இருக்கிறோம். அவருக்குத் தெரியாதது நமக்கும் தெரியவில்லை. ஏமாந்த பிறகும் புகார் சொல்ல வழியில்லை.

செவ்வியல் நாவல்களில் இந்த நேர்மைக்கு முன்மாதிரி வில்கி காலின்ஸ் 1868இல் எழுதிய ‘தி மூன்ஸ்டோன்’. காணாமற்போன வைரத்தைப் பற்றிப் பலர் மாறி மாறி எழுதுகிறார்கள். ஒவ்வொருவரும் தாம் நேரில் அறிந்ததை மட்டுமே, அறிந்த வரையில் மட்டுமே எழுத வேண்டும் என்பது அவர்களுக்குள் ஒப்பந்தம். போகிற இடமெல்லாம் சமயத் துண்டுப் பிரசுரங்களை ஒளித்துவைத்துவிட்டு வரும் மிஸ் கிளாக் என்ற பெண்மணி எழுதும் பகுதியை, வைரத்தை மறந்துவிட்டுச் சிரிப்பதற்காக மட்டுமே படிக்கலாம். கொள்ளைக் கதைகளிலிருந்து செவ்வியல் பக்கம் வர விரும்புகிறவர்களுக்கு ஹ்யூகோவைவிட இதுவே நல்ல வாசல் என்பது என் கருத்து. அந்த வைரமே 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஓர் ஆங்கிலேய அதிகாரி கொலை செய்து கவர்ந்த பொருள் என்று நாவல் தொடங்குவதால், யாருடைய பொருளை யார் ‘திருடினார்’ என்ற கேள்வியும் கடைசி வரை உடன் வருகிறது.

கதை சொல்பவரை நம்பலாமா என்று கேட்கிறீர்கள் அல்லவா? மேலே சொன்ன கொலைக்களக் காதையிலேயே அதற்கு இன்னோர் இடம் இருக்கிறது. கோவலனைப் பார்த்த காவலர்கள், இவன் கொலை செய்யப்பட வேண்டியவனாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். உடனே பொற்கொல்லன் கள்வரின் எட்டுத் துணைகளையும் அடுக்கிவிட்டு, ஒரு கொள்ளைக் கதையும் சொல்கிறான்: தூதன் வேடத்தில் அரண்மனை வாயிலில் காத்திருந்த ஒருவன், இருட்டியதும் பெண் வேடத்தில் உள்ளே புகுந்து, விளக்கின் நிழலில் ஒளிந்து சென்று, உறங்கும் இளவரசனின் வைர ஆரத்தைக் கவர்கிறான், விழித்துக்கொண்ட இளவரசனோடு மற்போரிட்டு, மணிகள் பதித்த தூணைத் தானாகக் காட்டி ஏமாற்றிவிட்டு மறைகிறான். எத்தனை கச்சிதமான களவு! ஆனால் அதைச் சொல்கிறவன்தான் அரசியின் சிலம்பைத் திருடியவன். கேட்டுக்கொண்டிருந்தவர்களின் கண்ணைத் தன்மேலிருந்து திருப்புவதற்கு ஒரு நல்ல கொள்ளைக் கதை அவனுக்குப் போதுமாக இருந்தது. அந்தக் கதையின் விலையைக் கோவலன் கொடுத்தான். பர்டூகோ உங்களிடம் எடுத்துக்கொண்டது சில மணி நேரத் தூக்கம் மட்டுமே.

கேள்வி: திருடர்களை இவ்வளவு நேசிக்க வைப்பது தவறில்லையா? படித்து முடித்ததும் எனக்குச் சிறு குற்ற உணர்வு வந்தது.

பதில்: சூத்திரகரின் ‘மிருச்சகடிகம்’ நாடகத்தின் மூன்றாம் அங்கத்தைப் படித்தால் அந்தக் குற்ற உணர்வுக்கு நல்ல துணை கிடைக்கும். சர்விலகன் என்ற அந்தணன் சுவரில் கன்னம் வைக்க வருகிறான். முருகனைக் களவுக்குரிய தெய்வமாக வணங்குகிறான். துளை தாமரை வடிவில் இருக்கலாமா, பிறை வடிவில் இருக்கலாமா என்று கலைஞனைப் போல யோசிக்கிறான். அளவு நூலை மறந்து வந்ததால் பூணூலாலேயே அளக்கிறான். காலையில் துளையைப் பார்த்த வீட்டுக்காரன் சாருதத்தனே அதன் வேலைப்பாட்டை மெச்சுகிறான். லிஞ்சின் திருடர்கள் பெயரில்லாத பதின்மூன்றாம் தெய்வத்தை வணங்குவதைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தவன் சர்விலகன்தான். தொழில் நேர்த்தியை ரசிப்பதும் தொழிலை ஏற்பதும் வேறு வேறு என்பது அந்த நாடகத்தைப் பார்த்தவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

உங்கள் உறுத்தலுக்கு உண்மையான காரணம் வேறோர் இடத்தில் இருக்கலாம். சார்ல்ஸ் டிக்கன்ஸின் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ 1837 முதல் தொடராக வந்தது. அதில் ஃபேகின் தன் பைகளில் கைக்குட்டையையும் கடிகாரத்தையும் நிரப்பிக்கொண்டு அறைக்குள் நடக்க, சிறுவர்கள் அவற்றை உருவ முயல்வார்கள். ஆலிவர் அதை விளையாட்டு என்று நினைத்துக் கண்ணில் நீர் வரச் சிரிப்பான். லாக்கை விலைக்கு வாங்கி வளர்க்கும் ஃபாதர் செயின்ஸும் அதே வகை ஆசான்தான். சமையலும் மொழிகளும் பிரபுக்களின் மேசை மரியாதையும் கற்பிப்பதால் நாம் அவரை மன்னித்துவிடுகிறோம். டிக்கன்ஸ் அந்தச் சிரிப்பைக் காட்டிவிட்டுத் தூக்குமரத்தையும் காட்டினார். லிஞ்ச் சிரிப்போடு நிற்பதாக நினைத்திருந்தேன். நாவலின் நடுப்பகுதியைத் தாண்டியதும், லாக் தன் கூட்டாளிகளிடம் திரும்பி வரும் அத்தியாயத்தில், அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டேன்.

கேள்வி: காஸுக்கு 17 வயது என்பதை நம்ப முடிகிறதா?

பதில்: முடியவில்லை. 27 என்று நினைத்துக்கொண்டு படித்தேன். எந்த இடமும் இடறவில்லை.

கேள்வி: பெரிய நாவல்களுக்கு நேரமில்லை. களவும் வேண்டும், மாயமும் வேண்டும், பழைய நடையும் வேண்டும். ஒரே ஒரு நூல் சொல்லுங்கள்.

பதில்: டோல்கீனின் ‘தி ஹாபிட்’, 1937. அதன் நாயகன் பில்போ திருடன் என்ற பதவியில், பங்கு இவ்வளவு என்று எழுத்திலான ஒப்பந்தத்தோடு வேலைக்கு அமர்த்தப்படுகிறான். டிராகனிடமிருந்து முதலில் எடுப்பது ஒரே ஒரு கிண்ணம். எல்லாவற்றிலும் விலைமதிப்பற்ற மணியைத் தன் கூட்டாளிகளுக்கே தெரியாமல் எடுத்து வைத்துக்கொண்டவன், அதை என்ன செய்கிறான் என்பதைப் படிக்கும்போது, உங்களுக்கு முன்னால் கேள்வி கேட்ட வாசகர் பாதியில் விட்டுவிட்ட அந்த ஆயரும் உங்கள் நினைவுக்கு வரக்கூடும்.