பம்பை மாற்றும் முன் கேஜை மாட்டச் சொல்லுங்கள்

கேள்வி: மாசசூசெட்ஸில் பழைய வீடு ஒன்று வாங்கியிருக்கிறோம். பேஸ்மென்ட்டில் எண்ணெயில் எரியும் பாய்லர். சில நாட்களாகத் தானாக அணைந்துவிடுகிறது; சிவப்பு பட்டனை அழுத்தினால் திரும்ப ஓடுகிறது. பார்க்க வந்தவர், ‘ஃபியூல் பம்ப் போய்விட்டது, பாய்லரும் பழசு, மொத்தமாக மாற்றிவிடலாம்’ என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: முதலில் அந்தப் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துவதை நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் பற்றாத எண்ணெய் உள்ளே தேங்கும். பிறகு அது ஒரேயடியாகப் பற்றினால் வெடிப்புபோல் அதிர்ந்து வீடெல்லாம் கரி படியும். ஒரு முறை அழுத்துங்கள். மறுபடி அணைந்துவிட்டால் ஆளைக் கூப்பிடுங்கள்.

சரி, பம்புக்கு வருவோம். வந்தவர் கேஜ், அதாவது அழுத்தம் காட்டும் மானி, மாட்டிப் பார்த்தாரா? நீங்கள் அதைப் பற்றி எழுதவே இல்லை. தெர்மாமீட்டர் வைக்காமல் காய்ச்சலுக்கு ஊசி போடுகிற கதைதான் இது. பார்க்க வேண்டியவை இரண்டே அளவுகள். ஒன்று, எண்ணெயைத் தெளிக்கும் நாசிலுக்குப் போகும் அழுத்தம்: பழைய பர்னர்களில் 100 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), புதியவற்றில் பெரும்பாலும் 140 அல்லது 150. பர்னர் நின்றதும் முள் கொஞ்சம் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். பூஜ்யத்துக்குச் சரிந்தால் பம்ப் கெட்டதுதான், மாற்றுங்கள்.

இன்னொன்று, டேங்க் பக்கம் பம்ப் இழுக்கும் வேக்யூம், அதாவது உறிஞ்சும் விசை. சாதாரணப் பம்பில் அது (பாதரசக் கணக்கில்) 10 அங்குலத்தைத் தாண்டினால் பம்ப் நன்றாகவே இழுக்கிறது, வழியில்தான் அடைப்பு. ஃபில்டர், டேங்க் அடிச்சகதி, பாதி மூடிய வால்வு, வெளியே நிற்கும் டேங்கில் குளிரில் கட்டியாகிவிட்ட எண்ணெய், இதில் ஏதோ ஒன்று. புதுப் பம்ப் போட்டாலும் அடுத்த வாரம் இதே கதைதான்.

கப்ளிங்கையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டு அது. முனை தேய்ந்து உருண்டுவிட்டால் மோட்டார் சத்தமாகச் சுற்றும், பம்ப் சுற்றாது. மிக மலிவான சாமான். இதற்காகவே நல்ல பம்புகள் குப்பைக்குப் போகின்றன. கப்ளிங் தேய்ந்திருந்தால், பம்பின் தண்டு கையால் சுற்றவே மறுத்தால் மட்டும் பம்பின் மேல் பழி போடுங்கள்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழையதன் மாடல் எண்ணைப் பார்த்து, சுற்றும் திசை, வேகம் (நிமிடத்துக்கு 1725 அல்லது 3450 சுற்று), அழுத்தம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். அதைவிட முக்கியமாக ஒரு சின்னத் திருகாணி இருக்கிறது, பைபாஸ் பிளக். டேங்கிலிருந்து உங்கள் பம்புக்கு ஒரே குழாய்தான் வருகிறது என்றால் அது பம்புக்குள் இருக்கவே கூடாது. திரும்பிப் போகக் குழாய் இல்லாததால் மிச்ச எண்ணெய் முட்டி நின்று தண்டின் சீலைப் பிய்த்துவிடும். புத்தம் புதுப் பம்ப் ஒழுகும். வரவும் போகவும் இரண்டு குழாய் இருந்தால் கட்டாயம் போட வேண்டும். சில பம்புகளில் இது தனிப் பையில் வரும், சிலவற்றில் உள்ளேயே மாட்டி வரும். அதனால் ‘கூடவே வந்தது, போட்டுவிட்டேன்’ என்பதும் தவறு, ‘தொடவே இல்லை’ என்பதும் தவறு. வேலை செய்பவரிடம் நேராகவே கேளுங்கள்: ‘எங்கள் வீட்டில் ஒற்றைக் குழாயா, இரட்டையா? பிளக் இப்போது எங்கே?’ பதில் சொல்லத் திணறினால் வேறு ஆளைப் பாருங்கள்.

இணையத்தில் ‘24 மணி நேர ஹீட்டிங் சர்வீஸ்’ என்று வரும் எண்களில் பல, வெறும் தரகர்களுடையவை. உங்கள் அழைப்பை யாருக்கோ விற்றுவிடுவார்கள். வருகிறவர் அந்தக் காசை உங்கள் பில்லில்தான் எடுப்பார். எண்ணெய் பர்னரில் வேலை செய்ய இந்த மாநிலத்தில் சான்றிதழ் வேண்டும். கதவருகிலேயே அதைக் காட்டச் சொல்லுங்கள். சர்வீஸ் கான்ட்ராக்டை நம்பினால் ‘இந்தப் பாகம் கவர் ஆகாது’ என்ற வரி நடுராத்திரியில்தான் தெரியவரும். குளிரில் குழந்தைகளோடு இருப்பவரிடம் அதைச் சொல்வது எனக்கு அநியாயமாகவே படுகிறது. கையெழுத்துப் போடும் முன் பம்ப், கப்ளிங், நாசில் மூன்றும் கவர் ஆகுமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

பாய்லரை மாற்றும் பேச்சைக் குளிர்காலம் முடிந்து, இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டபின் வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு ஃபில்டர், நாசில், பம்பின் உள்சல்லடை மூன்றையும் மாற்றச் சொல்லி, தீ எரிகிறதா என்று பார்க்கும் கண்ணையும் (சென்சார்) துடைக்கச் சொல்லுங்கள். அதில் கரி படிந்தாலும் நீங்கள் சொல்வதுபோல்தான் அணையும்.