எக்ஸ் இரண்டு இடத்தில் இருந்தால் நேர்மாறு சார்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: ஒய் = 3எக்ஸ் + 5 மாதிரி இருந்தால் நேர்மாறு (ஒய்யிலிருந்து எக்ஸுக்குத் திரும்பும் சார்பு) எடுத்துவிடுகிறேன். ஒய் = (2எக்ஸ் + 3) / (எக்ஸ் − 1) என்று வந்தால் எக்ஸ் மேலேயும் கீழேயும் இருக்கிறது, எப்படிப் போனாலும் நடுவில் நின்றுவிடுகிறேன். என்ன செய்வது?

பதில்: எக்ஸையும் ஒய்யையும் முதலிலேயே இடம் மாற்றிவிட்டுத் தொடங்குவதுதான் பெரும்பாலும் சொல்லித்தரும் வழி. தப்பில்லை, ஆனால் அதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள், ஏனென்றால் இடம் மாற்றுவது வெறும் பெயர் மாற்றம், உண்மையான வேலை எக்ஸைத் தனியாகப் பிரித்தெடுப்பதுதான்.

முதலில் பின்னத்தை ஒழிக்க வேண்டும். இருபுறமும் (எக்ஸ் − 1)ஆல் பெருக்கினால் ஒய்·எக்ஸ் − ஒய் = 2எக்ஸ் + 3. நீங்கள் நின்றுபோகும் இடம் இதுவாகத்தான் இருக்கும். இங்கே அவசரப்பட்டு ஒய்யால் வகுத்து எக்ஸ் = (2எக்ஸ் + 3 + ஒய்) / ஒய் என்று எழுதினால் வலப்பக்கம் இன்னொரு எக்ஸ் அப்படியே உட்கார்ந்திருக்கும், அது விடையே ஆகாது. எக்ஸ் உள்ள உறுப்புகளை எல்லாம் ஒரு பக்கம் கொண்டுவாருங்கள்: ஒய்·எக்ஸ் − 2எக்ஸ் = ஒய் + 3. இப்போது எக்ஸைப் பொதுக் காரணியாக வெளியே எடுத்தால் எக்ஸ்(ஒய் − 2) = ஒய் + 3, அவ்வளவுதான், இரண்டு எக்ஸ் ஒன்றாகிவிட்டது. எக்ஸ் = (ஒய் + 3) / (ஒய் − 2). பெயரை மாற்றினால் நேர்மாறு (எக்ஸ் + 3) / (எக்ஸ் − 2).

சரிபார்க்காமல் விடாதீர்கள். பழைய சார்பில் 2 போட்டால் 7 வரும், புதியதில் 7 போட்டால் 10/5, அதாவது திரும்பவும் 2. இன்னொன்றும் கவனியுங்கள், பழைய சார்பில் 1 போட முடியாது, அதன் விடையாக 2 ஒருபோதும் வராது. நேர்மாறில் இது அப்படியே தலைகீழ். ஒன்றின் சார்பகம் (போடக்கூடிய மதிப்புகள்) மற்றதன் வீச்சகம் (விடையாக வரும் மதிப்புகள்) என்பதை இதைவிடத் தெளிவாகப் பார்க்க முடியாது.

நேர்மாறைக் குறிக்க f⁻¹ என்று சார்பின் தலையில் போடும் −1 அடுக்கு இல்லை, ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1813-இல் பயன்படுத்திய குறியீடு அது. அதைப் பார்த்து 1-ஐச் சார்பால் வகுத்துவிடாதீர்கள்.

வர்க்கம் வந்தால் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். ஒய் = (எக்ஸ் − 4)² + 1 என்பதில் 3 போட்டாலும் 5 போட்டாலும் 2தான் வரும், அப்புறம் 2-இலிருந்து எதற்குத் திரும்புவது? அதனால் எக்ஸ் 4 அல்லது அதற்கு மேல் என்று சார்பகத்தைக் குறுக்கினால் நேர்மாறு 4 + √(எக்ஸ் − 1), 4 அல்லது அதற்குக் கீழ் என்றால் 4 − √(எக்ஸ் − 1). எந்தப் பாதியை எடுத்தீர்கள் என்பதை விடையோடு சேர்த்து எழுதுங்கள்.