பழைய ஜீப் வாங்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பெங்களூரு ஓசூர் ரோடு பக்கம் ஒருவரிடம் 1964 மாடல் மஹிந்திரா சி.ஜே.3பி. ஜீப் இருக்கிறது. பச்சை பெயிண்ட், பானட்டில் வெள்ளை நட்சத்திரம், உள்ளே டீசல் இன்ஜின். ஆர்.சி.யில் பெட்ரோல் என்று இருக்கிறது. ‘உலகப் போரில் ஓடிய வண்டி’ என்று சொல்லி ஐந்து லட்சம் கேட்கிறார். கம்பெனியிலிருந்து வந்த நிலைக்கே திருப்ப ஆசை. வாங்கலாமா? (வாசகர், அல்சூர்)

பதில்: உலகப் போர்க் கதைக்கு ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். போரில் ஓடியவை வில்லிஸ் எம்.பி.யும் ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ.வும், 1941 முதல் 1945 வரை வந்தவை. அவற்றின் முன் கிரில்லில் ஒன்பது பிளவுகள், கண்ணாடி இரண்டு துண்டு, பின்பக்கம் திறக்கும் கதவு கிடையாது. சி.ஜே.3பி. அமெரிக்காவிலேயே 1953-ல்தான் வந்தது. அதன் எஃப்-134 பெட்ரோல் இன்ஜினில் இன்லெட் வால்வு, மேல் மூடியான ஹெட்டிலேயே இருப்பதால் இன்ஜின் உயரம் கூடியது, அதற்காகத்தான் பானட்டைத் தூக்கினார்கள். நம் ராணுவத்திலும் சி.ஜே.3பி. ஓடியிருக்கிறது. ஆனால் வெள்ளை நட்சத்திரம் நேச நாட்டுப் படைகள் போரில் போட்ட குறி. இங்கே அது வெறும் அலங்காரம். உண்மையிலேயே ராணுவ ஏலத்தில் வந்த வண்டி என்றால் ஏலத்தில் விடுவித்த காகிதம் எங்கே என்று கேளுங்கள்.

ஆர்.சி.யில் பெட்ரோல் என்று இருப்பது உங்களுக்கு நல்ல செய்தி. டீசலை எழுத்தில் ஏற்றாமல் மாட்டி ஓட்டியிருக்கிறார்கள். அது சட்டப்படி தப்பு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது, 2019-ல் உச்ச நீதிமன்றமும் கம்பெனி அமைப்பை மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டது. நீங்கள் பெட்ரோலுக்குத் திருப்பினால் காகிதமும் வண்டியும் ஒன்றாகிவிடும். வேறு ஒரு எஃப்-134-ஐ வாங்கி மாட்டினால் இன்ஜின் நம்பர் மாறும். அதற்கு இன்ஜின் பில்லோடு ஆர்.டி.ஓ.வில் முன்கூட்டியே அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். ஜே.சி. ரோட்டிலோ சிவாஜிநகர் குஜரியிலோ (பழைய சாமான் சந்தை) இன்ஜின் கிடைத்தால் முதலில் பில்லைக் கேளுங்கள். நம்பர் குத்திய இடம் தேய்ந்தோ ராவப்பட்டோ இருந்தால், எவ்வளவு மலிவானாலும் தொட வேண்டாம்.

இன்ஜின் போனால் வேறு தேடலாம், பாடி நொறுங்கினால் தகடு வெட்டலாம். சேஸிஸ் நம்பர் போனால் வண்டியே இல்லை. சேஸிஸில் குத்திய எண்ணை வயர் பிரஷ்ஷால் சுத்தம் செய்து பென்சில் பிரிண்ட் எடுங்கள், ஆர்.சி.யோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். சுற்றிலும் வெல்டிங் தழும்போ, எழுத்தின் உயரத்தில் வித்தியாசமோ தெரிந்தால் நடையைக் கட்டுங்கள். அரசின் ஆன்லைன் வாகனப் பதிவேடான ‘வாகன்’-ல் ‘ஆக்டிவ்’ என்று வருகிறதா, பழைய வங்கிக் கடன் நீக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அட்வான்ஸுக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

அப்புறம் டேப்பை எடுங்கள். முன் ஹப் நடுவிலிருந்து பின் ஹப் நடு வரை இரண்டு பக்கமும் 2,032 மி.மீ., அதாவது 80 அங்குலம் வர வேண்டும். ஒரு பக்கம் குறைந்தால் அச்சு நகர்ந்திருக்கிறது, அல்லது சேஸிஸ் வளைந்திருக்கிறது. இரண்டு பக்கமும் கூடினால் சேஸிஸை வெட்டி நீட்டியிருக்கிறார்கள். ஹரியானாவின் மண்டி தப்வாலி பக்கம் ஜீப்புகளை உருமாற்றித் தருவது பெரிய தொழில். பளபளப்பாக இருக்கும், ஆனால் நீங்கள் தேடுவது அது அல்ல.

டீசல் மாட்டியவர் என்னென்ன வெட்டினார் என்பதுதான் உங்கள் உண்மையான செலவு. இன்ஜின் மவுண்ட், குறுக்குச் சட்டம், ரேடியேட்டர் தாங்கி, ஃபயர்வால் (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தகடு) ஆகிய நான்கையும் டார்ச் அடித்துப் பாருங்கள். டீசல் குறைந்த சுற்றில் ஓடும் என்பதால் பின் அச்சில் உள்ள கிரவுன் பினியன் பல்சக்கரங்களையும் மாற்றியிருப்பார்கள். அதைத் தெரிந்துகொள்ள ஹவுசிங்கைத் திறக்க வேண்டாம். முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றினால் பின் அச்சுக்குப் போகும் நீளத் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட் ஐந்தே கால் சுற்றைக் கொஞ்சம் தாண்ட வேண்டும். பெட்ரோல் சி.ஜே.3பி.யின் விகிதம் 5.38. ஐந்துக்கும் கீழே வந்தால் பினியன் மாற்றியது.

காந்தத்தைத் துணியில் சுற்றிப் பாடி முழுக்க ஓட்டுங்கள். ஒட்டாத இடமெல்லாம் பட்டி. தரைத் தகட்டுக்கு அடியில் உள்ள முட்டுகள், பாடி போல்ட் ஏறும் இடங்கள், பின் குறுக்குச் சட்டம் இவைதான் முதலில் துருப்பிடிப்பவை. அங்கே மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புதுப் பெயிண்ட் அடித்த வண்டியைவிட வெயிலில் வெளுத்த வண்டி நேர்மையானது. எங்கள் கணக்கில் உங்கள் வண்டி ஐந்து லட்சம் தேறாது. எஃப்-134 தேடுவது, வெட்டியதை ஒட்டுவது இரண்டின் செலவையும் பட்டறையில் எழுதி வாங்கி, அதைக் கழித்துப் பேரம் பேசுங்கள்.

கேள்வி: ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது? ஸ்டீயரிங் கால் சுற்று சும்மா சுற்றுகிறது, வேகம் கூடினால் முன் சக்கரம் உதறுகிறது. (வாசகர், விவேக்நகர்)

பதில்: சும்மா சுற்றுவதற்கு ஸ்டீயரிங் பாக்ஸ் மட்டும் காரணமல்ல. முன் குறுக்குச் சட்டத்தில், ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பெல் கிராங்க்கின் பின்னும் புஷ்ஷும் தேய்ந்தாலே அவ்வளவு ஆட்டம் வரும். ஒருவர் ஸ்டீயரிங்கை ஆட்டட்டும், நீங்கள் கீழே படுத்து எந்த மூட்டு முதலில் தாமதிக்கிறது என்று பாருங்கள்.

உதறலுக்கு முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால், முன் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின்னின் பேரிங். கிங்பின் என்றால் ஷிம் (மெல்லிய இடைத் தகடு) எடுத்து இறுக்கலாம். பேரிங்கில் குழி விழுந்திருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். உதறலை அடக்கும் ஸ்டீயரிங் டேம்பரை மாட்டி மறைப்பவர்கள் உண்டு, ஏமாறாதீர்கள்.

இறக்கத்தில் இரண்டாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பாருங்கள். லிவர் தானாகத் துள்ளி வெளியே வந்தால் டி-90 கியர்பாக்ஸ் தேய்ந்திருக்கிறது. இந்த வகைக்கே உரிய நோய் அது. ஹேண்ட் பிரேக் டிரம், முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே ஆயில் சீல் கசிந்தால் லைனிங் ஊறிப்போய் பிரேக் பிடிக்காது. லைனிங்கை மட்டும் மாற்றினால் ஒரே மாதத்தில் மறுபடி ஊறும், சீலை முதலில் மாற்றுங்கள். கியர்பாக்ஸில் ஆயில் குறைந்து டிரான்ஸ்ஃபர் கேஸில் கூடியிருந்தால் நடுவே உள்ள சீல் போய்விட்டது.

எஃப்-134 வண்டியிலேயே இருந்தால் கம்ப்ரஷன் பாருங்கள்: இன்ஜின் சூடாக, பிளக் நான்கும் கழற்றி, திராட்டில் முழுக்கத் திறந்து. 120 பி.எஸ்.ஐ. பக்கம் வந்தால் நலம். சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 10-ஐத் தாண்டக்கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டதும் அழுத்தம் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். ஹெட்டைக் கழற்றும் மெக்கானிக்கிடம் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: கார்பரேட்டருக்கு அடியில், இன்லெட் துளைக்குள் ஒரு ஹெட் போல்ட் ஒளிந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு நெம்பி ஹெட்டை உடைத்தவர்கள் பலர். மாட்டியபின் வால்வு இடைவெளி, இன்ஜின் குளிர்ந்த நிலையில், இன்லெட் 0.018 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.016.

கேள்வி: அப்பாவின் ஜீப்புக்கு எம்.ஒய். என்று தொடங்கும் பழைய மைசூர் மாநில நம்பர். விண்டேஜ் பதிவுக்குப் போனால் நம்பர் போய்விடுமா? (வாசகர், ஜாலஹள்ளி)

பதில்: போகாது. 2021-ல் வந்த விதிப்படி ஏற்கெனவே பதிவான வண்டி தன் நம்பரை வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாகும் வண்டிக்குத்தான் ‘வி.ஏ.’ எழுத்து. வண்டிக்கு ஐம்பது வயது தாண்டியிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அந்தப் பதிவில் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு இவற்றுக்கு மட்டும்தான் சாலையில் இறங்கலாம். ஞாயிற்றுக்கிழமை நந்தி மலைக்குப் போகும் எண்ணமிருந்தால் சாதாரண ஆர்.சி.யையே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பித்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: பழைய பெயிண்டை மணல் அடித்து எடுக்கலாமா? (வாசகர், ஸ்ரீராமபுரம்)

பதில்: சேஸிஸுக்கு அடிக்கலாம். பானட், ஃபெண்டர் போன்ற தகடுகளுக்கு வேண்டாம், அலை அலையாக நெளிந்துவிடும். அவற்றுக்குப் பெயிண்ட் ரிமூவரும் ஸ்கிரேப்பரும் போதும். அதற்கு முன் டேஷ்போர்டின் உள்பக்கம், ரிவெட் அடித்த பெயர்த் தகட்டின் அடி, டூல்பாக்ஸின் உள்பக்கம் ஆகிய இடங்களில் தேடுங்கள். கம்பெனி அடித்த நிறம் அங்கேதான் தப்பியிருக்கும். கையளவு இடத்தை அப்படியே விட்டுவைத்து, அதைக் காட்டி நிறம் கலக்கச் சொல்லுங்கள். தகடு தெரிந்த அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் ஏறிவிட வேண்டும்; பெங்களூரு மழைக்காலத்தில் ஒரு ராத்திரி போதும், துரு பூத்துவிடும்.