வாங்கியதைத் திருப்பித் தருவது: ஒரு நிரலாளரின் கேள்வி பதில்

வேலூரில் இருந்துகொண்டு மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் நான். இணையக் குழுக்கள், கட்டற்ற மென்பொருள் (யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் மென்பொருள்), அவற்றுக்கு நாம் பட்டிருக்கும் கடன், இவற்றுக்கு நடுவே அன்றாட வாழ்வு ஆகியவை பற்றிப் பழைய வட ஆர்க்காட்டு ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன். ஒரே பொருளில் வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவி, குடியாத்தம்): அண்ணா, நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். பன்னாட்டுத் தளம் ஒன்றில் பைத்தான் நிரல்மொழி பற்றி ஓர் ஐயம் கேட்டேன். சற்று நேரத்தில் கேள்வியை மூடிவிட்டார்கள். ஒருவர் கடுமையாகவும் எழுதினார். இனிக் கேட்கவே அச்சமாக இருக்கிறது.

பதில்: கடுமையாக எழுதியவர் செய்தது தவறு, அவருக்கு நீங்கள் எந்த விளக்கமும் தர வேண்டியதில்லை. கேள்வி மூடப்பட்டதை மட்டும் அதனோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். அத்தகைய தளங்கள் ஒருவருக்கு அருகிலிருந்து பாடம் சொல்லித் தருவதற்காக அமைந்தவை அல்ல. அதே ஐயத்தோடு பின்னால் வரப்போகிறவர்கள் தேடிக் கண்டடையும்படி விடைகளைச் சேர்த்து வைப்பதே அவற்றின் நோக்கம் என்பதால், முன்பே கேட்கப்பட்ட ஒன்றைப் பழைய விடையோடு இணைத்து மூடிவிடுவது அங்கே வழக்கம். அந்த இணைப்பைத் திறந்து படித்தீர்களா என்று பாருங்கள். பெரும்பாலும் உங்களுக்கு வேண்டியது அங்கேயே இருக்கும்.

அடுத்த முறை கேட்கும்போது சிலவற்றைக் கவனியுங்கள். பிழைச் செய்தியைக் கைப்பேசியில் படம் எடுத்துப் போடாமல் எழுத்தாகவே ஒட்டுங்கள். படத்தில் இருப்பதை எளிதில் நகலெடுத்துத் தேட முடியாது. பைத்தானின் எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், உண்மையில் என்ன நடந்தது என்பவற்றைச் சொல்லுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், உங்கள் நீண்ட நிரலை அப்படியே கொடுக்காமல், அதே பிழை இன்னும் வருகிற அளவுக்குச் சுருக்கிப் பத்துப் பதினைந்து வரிகளாகக் கொடுப்பது. இப்படிச் சுருக்கிக்கொண்டு போகும்போதே பாதிப் பேருக்குப் பிழை எங்கே என்பது தெரிந்துவிடும் என்பது என் நெடுநாள் அனுபவம்.

ஆங்கிலம் பற்றிக் கவலைப்படாதீர்கள். சின்னச் சின்ன வாக்கியங்கள் போதும். 1991 ஆகஸ்ட் 25 அன்று லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் எழுதிக்கொண்டிருந்த, பின்னாளில் லினக்ஸ் என்று பெயர் பெற்ற இயங்குதளத்தைப் பற்றி இணையக் குழு ஒன்றில் முதன்முதலாக அறிவித்தார். அவர் ஸ்வீடிஷ் மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட பின்லாந்து மாணவர். மினிக்ஸ் என்னும் இயங்குதளத்தில் உங்களுக்குப் பிடித்தவை எவை, பிடிக்காதவை எவை என்று மற்றவர்களைக் கேட்டுத்தான் அந்த மடலை அவர் எழுதினார். லினக்ஸ் உலகின் கண்ணுக்கு முதலில் தென்பட்டதே ஒரு மாணவரின் கேள்வி வடிவில்தான்.

ஒன்றை மட்டும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். உங்கள் சிக்கல் தீர்ந்ததும் அதே இடத்துக்குத் திரும்பிச் சென்று, எப்படித் தீர்ந்தது என்று எழுதிவிடுங்கள். விடையை வேறெங்கோ கண்டுபிடித்திருந்தாலும் எழுதுங்கள். நீங்கள் செய்யக்கூடிய முதல் பங்களிப்பு அதுதான்.

கேள்வி (தனியார் நிறுவன ஊழியர், காட்பாடி): தினமும் ரயிலில் சென்னை போய்த் திரும்புகிறேன். வீட்டில் சிறு குழந்தை. சமூகத்துக்குத் திருப்பித் தர வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது, நேரம்தான் இல்லை. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பதில்: முதலில், குழந்தை தவழும் பருவத்தில் நீங்கள் ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் அது குற்றம் அல்ல என்பதை மனமாரச் சொல்லிவிடுகிறேன். குடும்பத்திடமிருந்து எடுத்துக் கொடுக்கும் நேரம் நீண்ட நாள் நிற்காது. அப்படித் தொடங்கியவர்கள் ஓரிரு ஆண்டுகளில் மனம் வெறுத்து ஒதுங்கிப் போனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

என் முறை எளியது. வேலூர் வெயில் ஏறுவதற்கு முன்னால், விடியற்காலையில் கிடைக்கும் நேரத்தைத்தான் பொதுவேலைக்கு வைத்திருக்கிறேன். இரவில் பிறர் கேள்விக்கு விடை எழுதுவதில்லை. களைப்பில் எழுதும் விடையில் கனிவு இருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் மடிக்கணினியைத் திறப்பதில்லை.

உங்கள் நிலையில் நிரல் எழுதுவதை விட்டுவிட்டுத் துண்டு துண்டாகச் செய்யக்கூடிய வேலையைத் தேர்ந்தெடுங்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடம் 2004இல் இங்கிலாந்தில் தொடங்கியது. உலகமெங்கும் தன்னார்வலர்கள் கைப்படச் சேர்த்ததுதான் அதன் தரவில் பெரும்பகுதி. உங்கள் தெருவின் பெயர், அதன் முனையில் இருக்கும் மருந்துக்கடை, குடிநீர்த் தொட்டி, ஆரம்ப சுகாதார நிலையம், தெரு எந்த இடத்தில் முட்டுச்சந்தாக முடிகிறது என்பவையெல்லாம் அங்கே வாழ்பவருக்கு மட்டுமே உறுதியாகத் தெரிந்தவை. அவற்றைக் கைப்பேசியிலிருந்தே தமிழிலும் சேர்க்கலாம். கூகுள் வரைபடத்தைப் பார்த்து எதையும் நகலெடுக்கக் கூடாது. உரிமம் இடம் தராது. கண்ணால் கண்டதையே பதிய வேண்டும். 2019இல் வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது அல்லவா? உங்கள் உறவினர் ஊர்களுக்கு எங்கேனும் பழைய மாவட்டப் பெயரே நிற்கிறதா என்று பார்த்துத் திருத்துவதுகூடப் பயனுள்ள வேலைதான்.

கேள்வி (இல்லத்தரசி, ராணிப்பேட்டை): என் மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டு. இரவெல்லாம் கணினி முன் முகம் தெரியாதவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறான். கேட்டால் 'கம்யூனிட்டி' என்கிறான். இது நல்லதா?

பதில்: அம்மா, உங்கள் கவலை நியாயமானது. அவரைக் கண்டிக்கும் முன்னால், அந்தக் குழுவில் இந்த மாதம் என்ன செய்தாய், எனக்குக் காட்டு என்று அருகில் உட்கார்ந்து கேளுங்கள். தாம் திருத்திய நிரலையோ எழுதிய விளக்கத்தையோ ஆர்வமாகக் காட்டினால் அவர் ஒரு பட்டறையில் தொழில் பழகுகிறார் என்று கொள்ளலாம். காட்ட எதுவும் இல்லாமல் வெறும் அரட்டையும் சண்டையுமாக இருந்தால், நேரத்துக்கு வரம்பு வைக்க வேண்டும். எப்படியிருந்தாலும் தூக்கத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. இத்தகைய குழுக்களில் விடை உடனுக்குடன் வர வேண்டிய கட்டாயமே இல்லை. இரவு கேட்டதற்குக் காலையில் எழுதினால் போதும். வீட்டு முகவரி, வங்கி விவரம், ஒருமுறைக் கடவுச்சொல் ஆகியவற்றை எத்தனை நெருங்கிய இணைய நண்பருக்கும் தரக் கூடாது என்பதையும் சொல்லி வையுங்கள்.

கேள்வி (காலணி ஏற்றுமதி நிறுவன மேலாளர், ஆம்பூர்): எங்கள் சரக்கிருப்பு, கணக்கு, சர்வர் எல்லாமே கட்டற்ற மென்பொருளில் ஓடுகின்றன. இலவசமாகக் கிடைக்கும் ஒன்றுக்கு நாங்கள் எதற்காகப் பணமோ ஆள் நேரமோ செலவிட வேண்டும்?

பதில்: ஐயா, சட்டப்படி நீங்கள் எதுவும் தர வேண்டியதில்லை. கட்டற்ற மென்பொருளில் பரவலாக வழங்கும் ஜிபிஎல் என்னும் உரிமம் கொண்ட மென்பொருளை உங்கள் நிறுவனத்துக்குள் மாற்றிப் பயன்படுத்தினால், அந்த மாற்றங்களை வெளியிடும் கடமைகூட உங்களுக்குக் கிடையாது. மாற்றியதைப் பிறருக்கு வழங்கும்போதுதான் மூலநிரலையும் உடன் தர வேண்டும் என்கிறது அந்த உரிமம். ஆகவே இது சட்டத்தைப் பற்றிய கேள்வி அல்ல. உங்கள் தொழிலின் பாதுகாப்பைப் பற்றியது.

2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. வங்கி, அஞ்சல், கடை என்று உலகத்துத் தளங்களில் பெரும்பகுதி நம்பியிருந்த, இணையத்தில் போகும் தகவலை மறையாக்கிக் காக்கும் ஓபன்எஸ்எஸ்எல் என்னும் மென்பொருளில் இருந்த குறை அது. அப்போது அந்தத் திட்டத்தில் முழுநேரம் உழைத்தவர் ஒருவரே. ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 டாலர்தான் நன்கொடையாக வந்துகொண்டிருந்தது. அதன்மேல் கோடிக்கணக்கில் வணிகம் செய்த நிறுவனங்களில் பெரும்பாலானவை அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டதில்லை.

பத்து ஆண்டு கழித்து, 2024 மார்ச்சில், எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் கருவியில் நடந்தது இன்னும் கவலைக்குரியது. அதைப் பல ஆண்டுகளாகப் பராமரித்தவர் ஒரே ஒருவர். தமக்கு மனநலச் சிரமங்கள் இருப்பதையும், இது ஊதியமில்லாமல் தாம் செய்யும் வேலை என்பதையும் அவரே எழுதியிருந்தார். புதிய பதிப்பு ஏன் தாமதமாகிறது என்று சில கணக்குகளிலிருந்து அவரை நெருக்கிக்கொண்டே இருந்தார்கள்; அதே காலத்தில் உதவிக்கு வந்தவர்போல நுழைந்த ஒருவர் படிப்படியாக நம்பிக்கை பெற்று, வெளியீட்டுப் பொறுப்பையும் பெற்று, கடைசியில் வெளியாள் திருட்டுத்தனமாகக் கணினிக்குள் நுழைய உதவும் கள்ள வாயில் ஒன்றை அதற்குள் வைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற பொறியாளர், தம் கணினியில் தொலைவிலிருந்து உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, விடாமல் துருவிப் பார்த்ததால்தான் அது பரவலாகப் போய்ச் சேருவதற்குள் பிடிபட்டது.

நம் வட்டாரம் ஏரிப்பாசன நாடு. பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணலே தெரியும் இந்த மண்ணில் காவேரிப்பாக்கம் போன்ற ஏரிகள்தான் நெல் விளைவித்தன. கரையைக் கட்டியவர் மன்னராக இருக்கலாம். ஆண்டுதோறும் மதகைச் சரிபார்த்து, வரத்துக்கால்வாயைத் தூர்வாரி, கரையில் ஓட்டை விழாமல் காத்தது அந்த நீரில் பயிர் செய்த ஊராரின் குடிமராமத்து. மென்பொருளுக்கும் அதுவே முறை. எழுதியவரைக் கொண்டாட ஆள் உண்டு. பராமரிப்பவரோ கண்ணுக்குத் தெரிவதில்லை. அவர் ஓய்ந்து போனால் கீழே இருக்கும் எல்லா வயலுக்கும் கேடு.

நீங்கள் செய்யக்கூடியவை: உங்கள் சர்வர் எந்தெந்த மென்பொருளை நம்பியிருக்கிறது என்று உங்கள் கணினிப் பிரிவினரை ஒரு பட்டியல் எடுக்கச் சொல்லுங்கள். அவர்கள் கண்டு திருத்திய வழுக்களை மூலத் திட்டத்துக்கே அலுவல் நேரத்தில் அனுப்பி வைக்க அனுமதியுங்கள். இல்லையேல் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் அதே திருத்தத்தை மீண்டும் மீண்டும் செய்யும் செலவு உங்கள் தலையிலேயே விழும். பட்டியலில் ஒற்றை ஆளால் நடக்கும் திட்டம் ஏதேனும் தென்பட்டால் அதற்கு ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்குங்கள். வேறு உரிமக் கட்டணங்களுக்குத் தருவதோடு ஒப்பிட்டால் அது பெரிதாக இராது.

கேள்வி (வாட்ஸ்அப் குழு நிர்வாகி, வாணியம்பாடி): நிரல் கற்போர் குழு நடத்துகிறேன். அரசியல் செய்தி, காலை வணக்கப் படங்கள், சண்டை. என்ன செய்வது?

பதில்: இன்னது வரலாம், இன்னது வரக் கூடாது என்று நான்கைந்து வரியில் எழுதி மேலே நிலைநிறுத்துங்கள். மீறுபவரிடம் முதலில் தனிச்செய்தியில் மரியாதையாகச் சொல்லுங்கள். பொதுவில் சொன்னால் அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். மறுபடி செய்தால் தயங்காமல் நீக்குங்கள். ஒருவர் மனம் நோகக் கூடாது என்று நீங்கள் பொறுத்துக்கொள்ளும் ஒவ்வொரு நாளும், பேசாமல் படித்துக்கொண்டிருந்த பலர் சத்தமில்லாமல் விலகிப் போகிறார்கள். குழுவில் வந்த நல்ல விடைகளை வெளியார் தேடி எடுக்கக்கூடிய பொது இடம் ஒன்றிலும் சேர்த்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் புதைந்த விடை அடுத்த ஆண்டு சேரும் மாணவருக்கு உதவாது.

கேள்வி (முதுகலை மாணவர், வேலூர்): செயற்கை நுண்ணறிவே எல்லாவற்றுக்கும் விடை சொல்கிறதே, இனி இந்தக் குழுக்கள் எதற்கு?

பதில்: 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு ஸ்டாக் ஓவர்ஃப்ளோ போன்ற நிரலாளர் கேள்வி பதில் தளங்களில் புதுக்கேள்விகள் வெகுவாகக் குறைந்துவிட்டது உண்மைதான். ஆனால் அந்த இயந்திரங்கள் கற்றதே மனிதர்கள் இத்தனை ஆண்டுகளாகப் பொதுவில் எழுதி வைத்த விடைகளிலிருந்துதானே? நேற்று வெளியான மென்பொருளில் இன்று காணும் வழுவை யாரோ ஒரு மனிதர் முதலில் எழுத வேண்டும். தமிழுக்கு இது இரட்டிப்பு உண்மை. இணையத்தில் நல்ல தமிழில் எழுதப்பட்டது குறைவாக இருக்கும் வரை, இயந்திரம் தரும் தமிழும் குறையுள்ளதாகவே இருக்கும். தாராளமாக அதைப் பயன்படுத்துங்கள். அது சொன்னதைச் சரிபார்த்த பின், நீங்கள் கண்ட உண்மையை உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதி வையுங்கள்.

கேள்வி (ஓய்வுபெற்ற தமிழாசிரியை, ஆரணி): எனக்கு நிரல் எழுதத் தெரியாது. என்னைப் போன்றவர்களுக்கு இதில் இடம் உண்டா?

பதில்: அம்மா, உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் பல வேலைகள் காத்துக்கிடக்கின்றன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இலக்கியங்களை மின்வடிவில் எல்லோருக்கும் கட்டணமின்றித் தந்தது. அதைச் செய்தவர்கள் பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள். தட்டச்சு செய்யவும் மெய்ப்புப் பார்க்கவும் தெரிந்திருந்ததே அவர்களுக்குத் தேவையான தகுதி. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் அப்படித்தான் வளர்ந்தது.

நீங்கள் விக்கிப்பீடியாவின் உடன்திட்டமான, பழைய நூல்களை எழுத்தாக்கி வைக்கும் விக்கிமூலத்தில் தொடங்கலாம். ஒரு பக்கம் பழைய நூலின் படம் இருக்கும். மறுபக்கம் கணினி அதைப் படித்து எழுத்தாக்கியது இருக்கும். கணினி துணைக்காலையும் ரகரத்தையும் மாற்றிப் போடும். ஔகாரக் குறியையும் ளகரத்தையும் குழப்பும். சீர் பிரிந்த செய்யுளை உரைநடைபோல ஓட்டிவிடும். உங்கள் கண் அவற்றை ஒரு நொடியில் பிடித்துவிடும். திருத்தாத பக்கம் சிவப்பாகவும், ஒருவர் மெய்ப்புப் பார்த்தது மஞ்சளாகவும், இரண்டாமவரும் சரிபார்த்தது பச்சையாகவும் குறிக்கப்பட்டிருக்கும். மஞ்சள் பக்கங்களிலிருந்து தொடங்குங்கள். முன்னவர் செய்ததைப் பார்த்தே முறை பிடிபட்டுவிடும்.

உங்களிடம் பழைய நூல்கள் இருந்து அவற்றை ஏற்ற விரும்பினால், பதிப்புரிமையை முதலில் பாருங்கள். இந்தியாவில் அது ஆசிரியர் இறந்த பின் அறுபது ஆண்டுகள் நீடிக்கும். தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களுக்கு அந்தத் தடை இல்லை. கணக்கு தொடங்குவதற்கும் தமிழ்த் தட்டச்சுக்கும் பேரப்பிள்ளைகள் ஒரு மாலை உடனிருந்தால் போதும்.