சேசிஸ் பெட்டிக்குள் துரு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரின் பாடியைத் தனியே கழற்றி, சேசிஸை (அடிச்சட்டத்தை) மணல் அடித்து, வெளியே எபாக்சி பிரைமரும் கறுப்பு பெயின்டும் அடித்தாகிவிட்டது. அதன் பெட்டி ரெயிலுக்கு (உள்ளே கூடாக இருக்கும் நீளச் சட்டத்துக்கு) உள்ளே என்ன செய்வது? வேஸ்ட் இன்ஜின் ஆயிலை ஊற்றி, ஓட்டைகளை எல்லாம் அடைத்துவிடச் சொல்கிறார் மெக்கானிக்.
– ஒரு வாசகர், காசிமேடு

பதில்: ஆயில் ஊற்றுவதைவிட, ஓட்டையை அடைப்பதுதான் அதிகம் கெடுக்கும். பகல் வெயிலில் பெட்டிக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறும். இரவு குளிர்ந்ததும் வெல்டிங் இடுக்கு வழியாக ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஈரம் தண்ணீராகத் தேங்கினால் வழிய வழி வேண்டும். ரெயிலின் தாழ்வான இடங்களில் இருக்கும் வடிகால் துளைகள் அதற்காகவே வைக்கப்பட்டவை. வேஸ்ட் ஆயிலில் எரிபொருள் எரிந்து சேர்ந்த அமிலமும் நீரும் உண்டு. அது சில வாரங்களில் கீழே வடிந்து மேல் தகட்டை வெறுமையாக விட்டுவிடும். போகிற வழியில் ரப்பர் புஷ்களையும் உப்ப வைக்கும்.

உங்கள் ஊரில் முதல் எதிரி உப்பு. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டினால்தான் கசியத் தொடங்கும். ஆனால் கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். துறைமுகத்தை ஒட்டிய பகுதியில் மழையே பெய்யாவிட்டாலும் தகடு ஈரமாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்பின் மேல் எதைப் பூசினாலும் அடியில் துரு வேலை செய்துகொண்டே இருக்கும்.

எனவே முதலில் கழுவ வேண்டும். மணல் அடித்த துகள் பெட்டிக்குள் கட்டாயம் தங்கியிருக்கும். சேசிஸை ஒரு பக்கம் தூக்கி, ரப்பர் சுத்தியலால் தட்டி, கம்ப்ரசர் காற்றால் ஊதி வெளியேற்றுங்கள். ஹெரால்டில் நடு ரெயிலைவிட, பக்கவாட்டில் நீளும் கைகள்தான் முதலில் ஓட்டையாகும். அங்கே கூர்மையான ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். குத்தினால் இறங்கும் தகட்டை வெட்டி மாற்ற வேண்டும். வெல்டிங் வேலை முழுவதும் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிட வேண்டும். வெல்டிங் சூட்டில் உள்பக்கப் பூச்சு எரிந்துபோவதால், புதிதாகத் துருப்பிடிக்கும் முதல் இடம் ஒட்டுக்குப் பின்புறம்தான். கடைசியில் உள்ளே அடிக்கப்போகும் மெழுகுப் பூச்சுக்குப் பிறகு வெல்டிங் வைத்தால் தீயே பிடிக்கும்.

கழுவ போர் தண்ணீர் வேண்டாம். வடசென்னையில் பல இடங்களில் அது உப்புத் தண்ணீர். மெட்ரோ தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் ஹோஸை விட்டு, மறு முனையில் தெளிந்த நீர் வரும்வரை ஓடவிடுங்கள். பிறகு வடிகால் துளை கீழே வரும்படி சாய்த்து, ஒரு முனையில் புளோயரை வைத்து, வெயிலில் இரண்டு மூன்று நாள் உலரவிடுங்கள். மார்ச் முதல் மே வரை இதற்கு நல்ல காலம். ஐப்பசி மழையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

துருவை மாற்றும் பாஸ்பாரிக் அமில திரவத்தை மூடிய பெட்டிக்குள் ஊற்றுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். எட்டாத மடிப்புகளில் அமிலம் தங்கிவிடும். கழுவி எடுக்க முடியாது. உதிரும் துருவை நீள வயர் பிரஷ்ஷால் எடுத்துவிட்டு நேராகக் கேவிட்டி வேக்ஸுக்கு, அதாவது பெட்டியின் உள்பக்கம் அடிக்கும் மெழுகுப் பூச்சுக்கு, போகலாம்.

அளவுக் கணக்கு எளிது. 300 மைக்ரான் கனத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு 300 மில்லி ஆகும். உள்பரப்பு ஐந்து சதுர மீட்டர் என்று வைத்தால் ஒரு கோட்டுக்கு ஒன்றரை லிட்டர், இரண்டு கோட்டுக்கு மூன்று லிட்டர். வீணாவதையும் சேர்த்து நான்கு லிட்டர் வாங்குங்கள். டப்பாவைச் சுடுதண்ணீர் பாத்திரத்தில் வைத்து இளக்குங்கள்; அடுப்பின் மேல் நேராக வேண்டாம். முனையில் சுற்றிலும் தெளிக்கும் நாசில் உள்ள நீளக் குழாயைக் கடைசிவரை உள்ளே தள்ளி, அடித்துக்கொண்டே மெதுவாக வெளியே இழுக்க வேண்டும். தள்ளும்போது அடித்தால் குழாயே பூச்சைச் சுரண்டிவிடும். முதல் கோட் நீர்த்த வகையாக இருந்தால் தகட்டு மடிப்புக்குள் ஊறும், மறுநாள் கெட்டியானது. நம் ஊர் மே மாத வெயிலில் எண்ணெய் போன்ற மலிவு வகைகள் ஒழுகிப் போய்விடும். பக்கத்தில் பீடி, சிகரெட், வெல்டிங் எதுவும் கூடாது. அதன் ஆவி எரியக்கூடியது.

முடித்ததும் ஒவ்வொரு வடிகால் துளையையும் சைக்கிள் ஸ்போக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

கேள்வி: பழைய ஜீப்பின் சேசிஸை ஹாட் டிப் கால்வனைசிங் (உருகிய துத்தநாகத்தில் முக்கிப் பூசுவது) செய்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையாமே?
– ஒரு வாசகர், எண்ணூர்

பதில்: துரு விஷயத்தில் அதற்கு இணை இல்லை. ஆனால் துத்தநாகக் குளியலின் சூடு சுமார் 450 டிகிரி செல்சியஸ். மெல்லிய தகடு முறுக்கிக்கொள்ளலாம். மூடிய பெட்டிக்குள் ஈரம் இருந்தால் நீராவி வெடிக்கும்; ஆகவே காற்றுத் துளைகள் போட்டுத்தான் முக்க வேண்டும். அதற்கு முன் அமிலத் தொட்டியில் ஊறவைப்பார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக ரிவெட் அடித்த தகடுகளுக்கு நடுவே அந்த அமிலம் தங்கி, மாதங்கள் கழித்து ஒழுகும். இன்னொரு தலைவலி, பொறித்த சேசிஸ் நம்பர் துத்தநாகத்தில் மூழ்கிவிடலாம். ஆர்.டி.ஓ. ஆபீசில் பென்சில் தேய்த்து அச்சு எடுக்கச் சொல்வார்கள், அப்போது மாட்டிக்கொள்வீர்கள். என் கருத்தில், வெளியே ஜிங்க் பிரைமரும் உள்ளே வேக்ஸும் போதும்.

கேள்வி: அம்பாசிடரின் கதவுக்குக் கீழே இருக்கும் பெட்டியில் ஃபோம் அடைத்துத் தருகிறேன் என்கிறார் டிங்கர். செய்யலாமா?
– ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: வேண்டாம். அம்பாசிடருக்குத் தனி சேசிஸ் கிடையாது. அந்தப் பெட்டிதான் வண்டியின் எடையைத் தாங்குகிறது. ஃபோமுக்கும் தகட்டுக்கும் நடுவே புகுந்த நீர் உலரவே உலராது. பிறகு அங்கே வெல்டிங் வைக்க வேண்டி வந்தால் ஃபோம் எரிந்து நச்சுப் புகை வரும். மேலே சொன்ன வேக்ஸ் வேலையையே கதவு ஓரத்து ரப்பர் மூடிகளைக் கழற்றிச் செய்யலாம். கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி இடத்தில் வண்டி தண்ணீரில் இறங்கினால், அன்றே அந்த மூடிகளைக் கழற்றி நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். உலர்ந்ததும் வேக்ஸ் போன இடத்தில் மட்டும் மறுபடி அடித்தால் போதும்.