சபை வாலிபர் முகாமுக்குப் பொறுப்பாளராகப் போக வேண்டும், ஏற்பாடு ஒன்றும் சரியில்லை. எதை முதலில் சரிசெய்வது?

கேள்வியில் நீங்கள் தந்திருக்கும் விவரம் இது: திருநெல்வேலிப் பக்கத்துச் சபை. காலாண்டு விடுமுறையில் கொடைக்கானல். வருகிறவர்கள் 38 பேர், வயது 13 முதல் 24 வரை, அதில் 16 பேர் பெண்பிள்ளைகள். இரவு 9 மணிக்குப் புறப்பாடு, இரண்டு இரவு கூடாரத்தில் தங்கல், சாப்பாடு "அங்க போய்ப் பார்த்துக்கலாம்". கூட வரும் பெரியவர்கள் உங்களையும் சேர்த்து மூன்று பேர், மூவரும் ஆண்கள். கையில் இருப்பது பத்து நாள்.

பத்து நாளில் இதை நல்ல முகாமாக ஆக்க முடியாது. ஆபத்தில்லாத முகாமாக ஆக்கலாம். பேனர், டி-ஷர்ட், பாட்டுத்தாள், வேத வினாடி வினாவுக்குப் பரிசு எல்லாவற்றையும் வாலிபர் ஐக்கியச் செயலாளரிடமே விட்டுவிடுங்கள். அவற்றில் குறை வந்தால் யாருக்கும் அடிபடாது. நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியவை நான்கு: மலைப்பாதை, குளிர், தண்ணீர், ராத்திரி.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. சபைக் குருவான ஐயரவர்களைப் பார்த்து, நிகழ்ச்சி நிரலில் எதையும் நிறுத்தவோ மாற்றவோ உங்களுக்கு அதிகாரம் உண்டு என்று சேகரக் கமிட்டியின் (சபை நிர்வாகக் குழுவின்) கையெழுத்தோடு ஒரு தாள் வாங்குங்கள். "நமக்குள்ள எதுக்கு எழுத்தெல்லாம்" என்பார்கள். அருவிக்கரையில் மழை பிடித்துக்கொண்டு, பிள்ளைகள் "அஞ்சு நிமிஷம் மட்டும்" என்று கெஞ்ச, செயலாளர் தம்பி "குளிக்கட்டும் அண்ணாச்சி" என்று சொல்லும்போது அந்தத் தாள்தான் பேசும். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று பதில் வந்தால், கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று லூக்கா 14-ல் இருப்பதை நினைவூட்டுங்கள். அதிகாரம் தர மறுத்தால் போகாதீர்கள். பொறுப்பு மட்டும் உங்களுக்கு, முடிவு வேறொருவருக்கு என்பது சரிப்பட்டு வராது.

பயணத்தில் முதல் தப்பு இரவுப் புறப்பாடு. ஒரு ராத்திரி அறை வாடகையை மிச்சம்பிடிக்கத்தான் எல்லோரும் இப்படிச் செய்கிறார்கள். 9 மணிக்குக் கிளம்பினால் வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறுவது விடியற்காலை 2 மணியிலிருந்து 4 மணிக்குள். ஓட்டுநருக்குத் தூக்கம் மிகவும் அழுத்தும் நேரம் அது, மேலே மூடுபனியும் இருக்கும். அதிகாலை 4 மணிக்குப் புறப்படுங்கள். காலைச் சாப்பாட்டை வத்தலக்குண்டில் முடித்துக்கொண்டு வெளிச்சத்தில் ஏறினால் மதியத்துக்குள் சேரலாம். இறங்கும்போதும் அப்படியே: மாலை 3 மணிக்கு மேல் கொடைக்கானலில் நிற்கக் கூடாது.

2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குள் வரும் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் உண்டு. வண்டிக்காரர் எடுப்பார் என்று நீங்களும், சபை எடுக்கும் என்று அவரும் இருந்துவிடுவதுதான் வழக்கம். பாஸ் வண்டி எண்ணுக்குத் தரப்படுகிறது. கடைசி நேரத்தில் "அந்த வண்டி பழுது, வேற அனுப்புறேன்" என்றால் புதிதாக எடுக்க வேண்டும். நீளமான பேருந்துகளுக்கு மலைப்பாதையில் கட்டுப்பாடு இருப்பதால், எத்தனை அடி வண்டி என்று முன்பணம் தருமுன் கேட்டுவிடுங்கள்.

கொண்டை ஊசி வளைவில் நாற்பது பேரில் ஐந்தாறு பேர் வாந்தி எடுப்பது நிச்சயம். வத்தலக்குண்டில் வயிறுமுட்டப் பூரி தின்றவர்கள் முதலில் எடுப்பார்கள். இட்லி இரண்டோடு நிறுத்தச் சொல்லுங்கள். தலைசுற்றும் பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைத்து, தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள், கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாந்தி மாத்திரை கொடுப்பதென்றால் வீட்டில் சம்மதம் கேட்டு, ஏறத் தொடங்குவதற்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்னால் கொடுங்கள். வளைவு தொடங்கிய பிறகு கொடுக்கிற மாத்திரை வாந்தியோடு வெளியே வந்துவிடும்.

அடுத்தது கூடாரம். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்: கூடாரத்தை ரத்து செய்துவிட்டு, சுவரும் கூரையும் உள்ள இடம் பிடியுங்கள். கொடைக்கானலில் பல திருச்சபைகளுக்கும் மிஷன்களுக்கும் தங்குமிடங்கள் உண்டு, ஐயர் ஒரு கடிதம் கொடுத்தால் கூடம் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. காரணம் வசதி அல்ல. அக்டோபர் அங்கே கனமழைக் காலம். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இரவில் 12 டிகிரி அளவுக்கு இறங்கும். நம் பக்கத்துப் பிள்ளைகள் ஒரு போர்வையும் ஒரு ஜெர்கினும் எடுத்துக்கொண்டு வருவார்கள். வாடகைக் கூடாரங்களில் பல மெல்லிய துணி. பக்கத்துச் சுவரில் உடம்பு பட்ட இடத்தில் ஈரம் இறங்கும். இதில் இன்னொன்றும் உண்டு. வட்டக்கானல், பூம்பாறைப் பக்கம் கூடாரம் போட்டுத் தருகிற தனியார் எல்லோரிடமும் அனுமதி இருக்காது. சோதனை வந்தால் ராத்திரி 10 மணிக்கு 38 பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

கூடமே கிடைத்தாலும் குளிர் கீழேயிருந்துதான் ஏறும். மேலே இரண்டு போர்த்துவதைவிட அடியில் ஒன்று விரிப்பது பலன் தரும்: சிமெண்டுத் தரை, அதன்மேல் தார்ப்பாய், பிறகு கோரைப்பாய், பிறகு ஜமுக்காளம். ஆளுக்கு ஒரு கம்பளி, இரண்டு ஜோடி காலுறை, ஒரு குல்லா அல்லது மப்ளர் என்று பட்டியலில் எழுதிக் கொடுங்கள். பகலில் நனைந்த உடுப்போடு யாரையும் படுக்க விடாதீர்கள். சபையிலிருந்து பத்துக் கம்பளி கூடுதலாக ஏற்றுங்கள், பட்டியலைப் படிக்காத பத்துப் பேர் எப்படியும் இருப்பார்கள்.

குளிருக்குக் கரியடுப்பையோ பார்பிக்யூ தணலையோ அறைக்குள் கொண்டுபோவது உயிர்போகிற காரியம். கதவைச் சாத்திக்கொண்டு தணலோடு தூங்கியவர்கள் கொடைக்கானலிலேயே இறந்திருக்கிறார்கள். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசமும் கிடையாது, இருமலும் வராது. தூக்கத்திலேயே முடிந்துவிடும்.

கேம்ப் ஃபயர் இல்லாமல் முகாமா என்பார்கள். தங்குமிடத்தின் வளாகத்துக்குள், உரிமையாளர் காட்டுகிற இடத்தில், மூன்றடி அகலத்துக்கு மேல் போகாமல் போடலாம். மழை ஊறிய விறகில் பெட்ரோலை ஊற்றப் பார்ப்பார்கள். அதற்கு இடம் கொடுக்காமல் ஊரிலிருந்தே ஒரு சாக்குத் தேங்காய்ச் சிரட்டை கொண்டுபோங்கள், ஈர விறகையும் பிடிக்க வைக்கும். பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர். அணைக்கும்போது ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை மேலே காட்டிச் சூடு இல்லையென்று பார்த்த பிறகு படுக்கப் போங்கள்.

காட்டுக்குள் "சின்னதா ஒரு ட்ரெக்" வேண்டவே வேண்டாம். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் விதிமுறைகள் இறுகின. பேரிஜம் ஏரிக்குப் போவதானாலும் வனத்துறைச் சீட்டு வாங்க வேண்டும். டால்பின் நோஸ் பாறைக்கு இந்தக் கூட்டத்தைக் கூட்டிப்போகாதீர்கள். ஈரப்பாறை, தடுப்பில்லாத விளிம்பு, கையில் செல்ஃபி எடுக்கும் கைப்பேசி.

திரும்பும் வழியில் பெரியகுளம் பக்கம் இறங்கி கும்பக்கரையில் குளிப்பது என்று நிரலில் ஒரு வரி இருக்குமே, அதை இப்போதே அடித்துவிடுங்கள். அருவி மலையடிவாரத்தில் இருக்கிறது. மேலே கொடைக்கானல் மலையில் பெய்யும் மழை அங்கேதான் வந்து இறங்கும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வரும். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ அப்போதே கரையேற வேண்டும்; 38 பேரை அந்த நேரத்தில் ஏற்றுவது நடக்காத காரியம். சபை முகாம்களில் பெரிய துக்கம் வந்தால் அநேகமாகத் தண்ணீரில்தான் வருகிறது. ஆறு, அணை, கடல் எதுவானாலும் இதே பதில்.

சாப்பாட்டுக்கு, பத்து நாளில் சமையல் ஏற்பாடு செய்வதைவிட அங்கேயே ஒரு மெஸ்ஸில் வேளைக்கு இத்தனை என்று பேசி முன்பணம் கொடுப்பது நல்லது. சமைத்தே ஆகவேண்டுமென்றால் பெரியவர்கள், ஓட்டுநர், கிளீனர் சேர்த்து 45 பேருக்கு இது பொருந்தும்: மதியத்துக்கு அரிசி 7 கிலோ, சாம்பாருக்குத் துவரம்பருப்பு ஒன்றேகால் கிலோ, கோழி என்றால் எலும்போடு 7 கிலோ. காலை உப்புமாவுக்கு ரவை 4 கிலோ. ஒருவேளை டீக்குப் பால் இரண்டரை லிட்டர், சர்க்கரை அரைக்கிலோ. அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வெகுநேரம் பிடிக்கும். ஒருமணி நேரம் சுடுதண்ணீரில் ஊறவைத்துக் குக்கரில் போடுங்கள். ஊரில் ஒருமணிக்குள் முடிக்கிற சமையலுக்கு அங்கே ஒன்றரை மணி வைத்துக்கொள்ளுங்கள். "12 மணிக்குச் சாப்பாடு" என்ற நிரல் 2 மணிக்குப் போவது இதனால்தான். எரிவாயு சிலிண்டரைப் பிள்ளைகள் போகும் பேருந்தில் ஏற்றாதீர்கள், மேலே போய் வாடகைக்கு எடுங்கள். வழிக்குக் கட்டுச்சோறு என்றால் புளியோதரை. தேங்காய்ச் சட்னி வேண்டாம், மதுரை வெயிலில் ஊசிப்போகும்.

குடிக்கத் தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் ஏழு. குழாய்த் தண்ணீரானால் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பிறகு மூன்று நிமிடம் விடுங்கள். சின்னப் பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு மலையில் கெடுபிடி உண்டு, ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இனி ராத்திரி. 13 வயதுப் பையனும் 24 வயது அண்ணனும் "வாலிபர்" என்ற ஒரே பெயரில் வருகிறார்கள், சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைத் தனியாகப் பட்டியலிடுங்கள். மூத்தவர்களோடு அவர்களை ஒரே அறையில் படுக்க வைக்கக் கூடாது. 20 வயது அண்ணன்மார் உதவிக்கு ஆவார்கள், பொறுப்பாளர் கணக்கில் அவர்களைச் சேர்க்காதீர்கள். எட்டுப் பேருக்கு ஒரு பெரியவர் என்றால் உங்களுக்கு ஐவர் வேண்டும், அதில் இரண்டு பேராவது பெண்கள். பெண்கள் ஐக்கியத்தில் கேளுங்கள், ஓய்வுநாள் பாடசாலை டீச்சர்மார் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அறிந்தவர்கள். பெண் பொறுப்பாளர் இருவர் கிடைக்கும்வரை முகாம் இல்லை என்று சொல்லிவிடலாம். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக, கதவு சாத்திய அறையில் இருக்கக் கூடாது, ஜெபிக்க என்றாலும் சரி. ஏதாவது புகார் வந்தால் சபைக்குள்ளேயே பேசி முடிக்கும் பழக்கத்துக்கு இடமில்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-லும் உதவி கேட்கலாம்.

கழிப்பறை வெளியே இருக்கிறதா என்று முன்னமே கேளுங்கள். கொடைக்கானலில் காட்டுமாடு ராத்திரி ஊருக்குள்ளேயே மேயும், வீட்டுத் தோட்டத்திலும் நிற்கும். இரண்டிரண்டு பேராக, டார்ச்சோடு, பெரியவரை எழுப்பிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். மாடு நின்றால் வந்த வழியே திரும்புவது, கல் எறிவதும் படம் பிடிப்பதும் கிடையாது.

தலை எண்ணுவதைவிட எண் சொல்லவைப்பது நம்பகமானது. ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, பேருந்தில் ஏறும்போதெல்லாம் அவரவர் வாயால் சொல்ல வேண்டும். "அவன் பின்னாடி இருக்கான்" என்று நண்பன் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அந்த அவன் பெரும்பாலும் சாக்லேட் கடையில் நிற்பான்.

வீட்டாரிடம் வாங்கும் படிவம் ஒரு பக்கம் போதும்: இரண்டு தொலைபேசி எண், இரத்த வகை, ஒவ்வாமை, வலிப்பு, ஆஸ்துமா, சாப்பிடும் மருந்து, அவசர சிகிச்சைக்குச் சம்மதம், திரும்பியதும் யார் கூட்டிப்போவார் என்பது. இழுப்பு உள்ள பிள்ளையின் இன்ஹேலர் பெட்டிக்குள் இருந்தால் பயனில்லை, சட்டைப்பையில் இருக்க வேண்டும். எல்லாப் படிவமும் தாளில், இரண்டு பிரதி. மேலே சிக்னல் போனால் வாட்ஸ்அப்பில் இருக்கும் பட்டியல் உதவாது. அவசரத்துக்கு 108, ஊருக்குள் அரசு மருத்துவமனை இருக்கிறது. பேருந்து தவிர ஒரு கார் முழுநேரமும் கூட நிற்கட்டும். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் 44 பேரையும் கிளப்ப வேண்டியிருக்காது.

நிரலில் இரண்டாவது இரவை எடுத்துவிட முடிந்தால் எடுத்துவிடுங்கள். மூன்றாம் நாள் காலையில் எல்லோரும் தூக்கக் கலக்கத்தில், ஈர உடுப்போடு, சளியோடு இருப்பார்கள். அன்றைய தியானம் யார் காதிலும் ஏறாது. மிஞ்சும் காசைக் கம்பளிக்கும் காருக்கும் திருப்பலாம்.

ஊர் திரும்பியதும் பிள்ளைகளைச் சபை வளாகத்தில் இறக்கிவிட்டால் வேலை முடிந்துவிடாது. படிவத்தில் எழுதியிருக்கும் ஆள் வந்தால்தான் அனுப்ப வேண்டும். அனுப்பியதும் பெயரில் ஒரு டிக். ராத்திரி 11 மணிக்குக் கடைசிப் பிள்ளை ஒன்று படியில் உட்கார்ந்திருக்கும், அப்பா பணி முடிந்து வரத் தாமதமாகும். அந்தப் பிள்ளை போகும்வரை ஒரு ஆணும் ஒரு பெண்ணுமாக இரண்டு பெரியவர்கள் அங்கே இருக்க வேண்டும். யார் அந்த இருவர் என்பதைப் புறப்படும் முன்பே பேசி வையுங்கள், அன்றைக்குக் கேட்டால் எல்லோருக்கும் வீட்டில் வேலை இருக்கும்.